புற்றுநோய் ஆய்வில் அம்மாவைச் சேர்க்கலாமா?

கேள்வி: என் அம்மாவுக்கு 61 வயது. தொண்டையில் புற்றுநோய், மூன்றாம் நிலை. கதிர்வீச்சும் கீமோவும் தருவதாக முடிவான பிறகு, “ஒரு புதிய மருந்துக்கு கிளினிக்கல் ட்ரையல் நடக்கிறது, சேர்கிறீர்களா?” என்று டாக்டர் கேட்டார். 16 பக்கப் படிவம் தந்திருக்கிறார்கள். அண்ணன், “அம்மாவை எலியாக்கப் பார்க்கிறார்கள்” என்று கோபப்படுகிறார். சித்தப்பாவோ, “வெளிநாட்டு மருந்து இலவசமாக வருகிறது, விட்டுவிடாதே” என்கிறார். கையெழுத்து நான்தான் போட வேண்டும். அம்மாவிடம் ‘கட்டி’ என்று மட்டும்தான் சொல்லி வைத்திருக்கிறோம். என்ன செய்யலாம்? – வாசகி, கும்பகோணம்

பதில்: அந்தக் கையெழுத்தை நீங்கள் போட முடியாது. மற்றதெல்லாம் அதற்குப் பிறகுதான்.

நம் நாட்டில் புதிய மருந்துகளின் ஆய்வுகளுக்கு 2019-இல் வந்த விதிகள் பொருந்தும். சுயநினைவோடு, சொல்வதைப் புரிந்துகொள்ளும் நிலையில் இருக்கும் நோயாளியின் ஒப்புதலை அவர் மட்டுமே தர முடியும். குழந்தைகள், நினைவிழந்தவர்கள், கடுமையான மனநோயால் முடிவெடுக்க இயலாதவர்கள் போன்றோருக்குத்தான் இன்னொருவர் கையெழுத்திடலாம். அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது என்றாலும் விதி மாறாது. ஆய்வோடு தொடர்பில்லாத ஒரு சாட்சியை உட்கார வைத்து, படிவத்தை அவருக்குப் புரியும்படி விளக்கி, அவருடைய கைநாட்டைத்தான் வாங்க வேண்டும். உங்களிடம் கையெழுத்துக் கேட்டது யார் என்று நீங்கள் எழுதவில்லை. ஆய்வுக் குழுவே கேட்டிருந்தால், தயங்குவதற்கு அது ஒன்றே போதும்.

அந்தப் படிவத்தில் ‘புற்றுநோய்’ என்று எழுதியிருக்கும். ஆகவே நோயை மறைத்துக்கொண்டு அம்மாவை ஆய்வில் சேர்க்க வழியே இல்லை. “அம்மா தாங்க மாட்டாங்க” என்று நீங்கள் சொல்வது எனக்குக் கேட்கிறது. நம் வீடுகளில் இதைச் சொல்லாத பிள்ளைகள் குறைவு. ஆனால் கதிர்வீச்சுக்கு ஆறேழு வாரம், வாரத்தில் ஐந்து நாள் போக வேண்டும். பக்கத்து நாற்காலியில் இருப்பவர் “உங்களுக்கு எந்த இடத்துல?” என்று இரண்டாம் நாளே கேட்டுவிடுவார். அதற்கு முன்பே ஊகித்துவிட்டு, பிள்ளைகள் வருத்தப்படுவார்களே என்று தெரியாததுபோல் இருக்கும் அம்மாக்களும் உண்டு. டாக்டரே சொல்லட்டும், நீங்களும் அண்ணனும் பக்கத்தில் இருங்கள். பிழைக்கும் சதவீதத்தையெல்லாம் அன்றைக்கே கொட்ட வேண்டியதில்லை. என்ன நோய், என்ன சிகிச்சை, ஆய்வு என்றால் என்ன, இவ்வளவு போதும். மற்றதை அவர் கேட்கும்போது சொல்லலாம்.

சரி, அண்ணனின் கோபத்துக்கு வருகிறேன். அதை அறியாமை என்று ஒதுக்கும் மருத்துவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. 1999, 2000 ஆண்டுகளில் திருவனந்தபுரத்தில் வாய்ப் புற்றுநோயாளிகளுக்கு ஒரு சோதனை மருந்து ஊசியாகச் செலுத்தப்பட்டது. அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக விஞ்ஞானி ஒருவர் சம்பந்தப்பட்ட ஆய்வு அது. ஆய்வு நோயாளிகளுக்கு நியாயமானதா என்று பார்த்து அனுமதிக்கும் தங்கள் நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் பெறாமலே அது நடந்ததாக 2001-இல் அந்தப் பல்கலைக்கழகமே ஒப்புக்கொண்டது. 2009-இல் அப்போதைய ஆந்திராவின் (இன்றைய தெலங்கானாவின்) கம்மம் மாவட்டத்தில் பள்ளிச் சிறுமிகளுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்த் தடுப்பூசி போட்டபோது, பல படிவங்களில் பெற்றோருக்குப் பதில் விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்திட்டிருந்தார்கள். 2010-இல் அந்தத் திட்டம் நிறுத்தப்பட்டது. 2013-இல் நாடாளுமன்றக் குழு அதைக் கடுமையாகக் கண்டித்தது. சிறுமிகள் சிலரின் மரணத்துக்குத் தடுப்பூசி காரணம் என்று விசாரணையில் நிரூபணமாகவில்லை. ஆனாலும் ஒப்புதல் வாங்கிய முறை தவறு, தவறுதான்.

இப்போது பிடி இறுகியிருக்கிறது. 2009 ஜூன் முதல் ஒவ்வொரு மருந்து ஆய்வும் சி.டி.ஆர்.ஐ. என்ற தேசியப் பதிவேட்டில் ஏற வேண்டும். அதை யாரும் இணையத்தில் இலவசமாகப் பார்க்கலாம். உங்கள் படிவத்தில் அந்தப் பதிவு எண் இருக்கிறதா என்று இன்றைக்கே பாருங்கள். ஆய்வால் பாதிப்பு ஏற்பட்டால் இலவச சிகிச்சை, நிரந்தர பாதிப்பு அல்லது மரணம் என்றால் இழப்பீடு. இழப்பீட்டுச் சூத்திரத்தின் அடிப்படைத் தொகை 8 லட்சம் ரூபாய். வயதும் நோயின் தீவிரமும் அதைக் கூட்டவோ குறைக்கவோ செய்யும். படிவத்தின் ஒரு பிரதியை உங்களுக்குத் தந்தாக வேண்டும். கையெழுத்திட்ட பிறகும் எந்த நாளிலும் விலகலாம், விலகினால் வழக்கமான சிகிச்சையை மறுக்கக் கூடாது.

சித்தப்பாவின் ஆசைதான் எனக்கு அதிகக் கவலை தருகிறது. பயந்தவர் நாலு கேள்வியாவது கேட்பார். ஆசைப்பட்டவர் கேட்பதே இல்லை. புதிய மருந்து என்றால் நல்ல மருந்து என்று அர்த்தமில்லை. அம்மாவின் நோயிலேயே உதாரணம் இருக்கிறது. தலை, கழுத்துப் புற்றுநோய்க்கு வழக்கமான கீமோ, கதிர்வீச்சோடு அவெலுமாப் என்ற நோயெதிர்ப்பு மருந்தைச் சேர்த்து 697 பேரிடம் பார்த்தார்கள். பெரிய எதிர்பார்ப்பு. 2021-இல் முடிவு வெளியானபோது பலன் எதுவும் தெரியவில்லை. புற்றுநோயில் புதிய சிகிச்சையைப் பழையதோடு ஒப்பிட்ட ஆய்வுகளை ஒட்டுமொத்தமாக எடுத்துப் பார்த்தால், புதியதன் பக்கம் தராசு சாய்வது மிகக் கொஞ்சம்தான். அப்படித்தான் இருக்கவும் வேண்டும். எது நல்லது என்று முன்கூட்டியே தெரிந்திருந்தால் ஆய்வு எதற்கு?

“பாதிப் பேருக்கு வெறும் சர்க்கரை மாத்திரை கொடுப்பார்களாமே” என்ற பேச்சும் உங்கள் காதில் விழுந்திருக்கும். அவெலுமாப் ஆய்வில் போலி மருந்து இருந்தது உண்மை. ஆனால் அது கிடைத்தவர்களுக்கும் முழு கீமோவும் முழு கதிர்வீச்சும் கிடைத்தன. நல்ல சிகிச்சை ஏற்கெனவே இருக்கும் நோயில் அதை நிறுத்திவிட்டுப் போலி மருந்தை மட்டும் கொடுப்பதை நெறிமுறைக் குழு அனுமதிக்கக் கூடாது. சேர்பவருக்குப் புது மருந்தா, ஒப்பீட்டுச் சிகிச்சையா என்பதைக் கம்ப்யூட்டர்தான் தீர்மானிக்கும். டாக்டருக்கு வேண்டியவர் என்பதால் புது மருந்து கிடைத்துவிடாது. சித்தப்பாவுக்கு இதைத் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

அப்படியென்றால் எதற்குத்தான் சேர வேண்டும்? யாரோ சேர்ந்ததால்தான் இன்றைய சிகிச்சை இருக்கிறது. ஆரம்ப நிலை வாய்ப் புற்றுநோயில் கழுத்து நெறிகட்டிகளை முதல் அறுவையிலேயே எடுப்பதா, பரவினால் பார்த்துக்கொள்வதா என்று பல காலம் விவாதம் இருந்தது. மும்பை டாடா நினைவு மருத்துவமனை நோயாளிகள் பங்கேற்ற ஆய்வு 2015-இல் அதைத் தீர்த்தது. முதலிலேயே எடுத்தவர்களில் 80 சதவீதம் பேரும், காத்திருந்தவர்களில் 67.5 சதவீதம் பேரும் மூன்று ஆண்டு கடந்து உயிரோடு இருந்தார்கள். அதே மருத்துவமனை, நிவோலுமாப் என்ற விலை உயர்ந்த மருந்தை வழக்கமான அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவாக, மூன்று வாரத்துக்கு 20 மில்லிகிராம் மட்டும், தலை, கழுத்துப் புற்றுநோய் முற்றியவர்களுக்குக் கீமோவோடு சேர்த்துக் கொடுத்துப் பார்த்தது. ஓராண்டு பிழைத்தவர்கள் 16.3 சதவீதத்திலிருந்து 43.4 ஆனார்கள். குறைந்த அளவில் மருந்து விற்க எந்தக் கம்பெனி செலவழிக்கும்? இந்தக் கேள்விகளை நாமேதான் கேட்டாக வேண்டும்.

நம் திண்டுக்கல் மாவட்டமும் இந்த வரலாற்றில் இருக்கிறது. அங்கே ஒரே ஒருமுறை வினிகர் தடவிக் கர்ப்பப்பை வாயைப் பரிசோதித்த கிராமங்களில் அந்தப் புற்றுநோயால் இறப்பு 35 சதவீதம் குறைந்ததை 2007-இல் வெளியான ஆய்வு காட்டியது. ஒப்பீட்டுக் குழுவில் இருந்த பெண்களுக்கு அந்தப் பரிசோதனை தரப்படவில்லை என்ற விமர்சனமும் அதன் கூடவே வந்தது. அந்த விமர்சனம் எனக்கு நியாயமாகவே படுகிறது.

இந்தியர்கள் ஆய்வுக்கு வர மாட்டார்கள் என்று மருத்துவர்கள் அலுத்துக்கொள்வதுண்டு. அமெரிக்காவில் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, நேரில் அழைக்கப்பட்ட புற்றுநோயாளிகளில் சுமார் 55 சதவீதம் பேர் சம்மதித்திருந்தார்கள். பெரும்பாலானவர்களுக்கு அழைப்பே வந்திருக்காது. இங்கேயும் அமர்ந்து பேச யாராவது நேரம் ஒதுக்கினால் நிலைமை வேறாக இருக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

அடுத்த முறை போகும்போது டாக்டரிடம் முதலில் கேட்க வேண்டியது, “சேராவிட்டால் அம்மாவுக்கு என்ன சிகிச்சை?” என்பது. அதற்குத் தெளிவான பதில் வராவிட்டால் மேலே போக வேண்டாம். அப்புறம், எத்தனையாம் கட்ட ஆய்வு? முதல் கட்டம் என்றால் எவ்வளவு டோஸ் தாங்கும் என்று பார்ப்பதுதான் முக்கிய நோக்கம். மூன்றாம் கட்டம் என்றால் வழக்கமான சிகிச்சையோடு ஒப்பீடு. நடத்துவது மருந்துக் கம்பெனியா, மருத்துவமனையேவா? மருத்துவமனையே நடத்துவதென்றால் இழப்பீட்டை யார் தருவார்கள் என்று எழுத்தில் காட்டச் சொல்லுங்கள். புது மருந்து இலவசம் என்றாலும் கீமோ, ஸ்கேன், கதிர்வீச்சுச் செலவு யாருடையது? அதிலும் பயணச் செலவை மறக்காதீர்கள். கும்பகோணத்திலிருந்து கூடுதலாக எத்தனை முறை வர வேண்டும், பஸ் செலவைத் தருவார்களா என்பது பலர் பாதியில் விலகக் காரணமாகிறது.

படிவத்தை வீட்டுக்குக் கொண்டுபோய் இரண்டு மூன்று நாள் வைத்திருந்து தமிழில் படியுங்கள். தமிழ்ப் படிவம் தராவிட்டால் கேட்டு வாங்குங்கள். ஆனால் வாரக்கணக்கில் இழுக்க வேண்டாம்; ஆய்வில் சேர்ந்தாலும் சேராவிட்டாலும் சிகிச்சையைத் தள்ளிப்போட இந்த நோய் இடம் தராது. அம்மா வேண்டாம் என்றால் காரணம் சொல்லவும் தேவையில்லை. வழக்கமான சிகிச்சைக்குத் தேதி வாங்கிக்கொண்டு வாருங்கள். சரி என்றால், தொடர்பு எண் கேட்கும் இடத்தில் அம்மாவின் போன் நம்பரை முதலில் எழுதுங்கள், உங்களுடையதை இரண்டாவதாக.