பத்தாக்கா, இக்காமா, சிவில் ஐடி: வாசகர் கேள்வியும் பதிலும்

வெளிநாட்டில் வேலை செய்வோரின் வதிவிட அடையாள அட்டை (கத்தாரில் பத்தாக்கா, சவூதியில் இக்காமா, குவைத்தில் சிவில் ஐடி) பற்றி இம்முறை திருகோணமலை மாவட்டத்திலிருந்து வந்த கடிதங்கள் ஏராளம். ஒரே விடயத்தைப் பலர் கேட்டிருந்த இடங்களில் கேள்விகளை ஒன்றாக்கியிருக்கிறோம்.

கேள்வி (கிண்ணியா): கணவர் கத்தாருக்குப் போய் இரண்டு மாதமாகிறது. இன்னும் பத்தாக்கா கிடைக்கவில்லை. கொம்பனி மந்தூபை (அரச அலுவலக வேலைகளைப் பார்ப்பவர்) கேட்டால் "வரும், வரும்" என்கிறாராம். கடவுச்சீட்டும் அவர்களிடம்தான். பயப்பட வேண்டுமா?

பதில்: சகோதரி, பயப்படத் தேவையில்லை. ஆனால் சும்மாவும் இருக்க வேண்டாம். கத்தாருக்குள் வந்த நாளிலிருந்து 30 நாட்களுக்குள் வதிவிட அனுமதி வேலையை முடித்துக் கொடுப்பது தொழில் கொடுப்பவரின் கடமை. தவறினால் 10,000 ரியால் வரை தண்டம் உண்டு. "மெடிக்கல் முடியவில்லை" என்ற பழைய சாட்டும் இப்போது எடுபடாது. 2018இல் கொழும்பில் கத்தார் விசா நிலையம் திறந்த பிறகு மருத்துவப் பரிசோதனை, கைரேகை இரண்டும் இங்கேயே எடுக்கப்படுகின்றன. அங்கே மிஞ்சுவது கட்டணம் கட்டுவதும் அட்டை அச்சடிப்பதும்தான்.

முதலில் கத்தார் உள்துறை அமைச்சின் இணையத்தளத்தில் விசா இலக்கத்தையோ கடவுச்சீட்டு இலக்கத்தையோ போட்டு நிலையைப் பார்க்கச் சொல்லுங்கள். பத்தாக்கா இலக்கம் எப்போதோ விழுந்து, அட்டை மந்தூபின் லாச்சியில் கிடப்பதும் உண்டு. இலக்கம் இருந்தால் அதை எழுதி வைத்துக்கொண்டு அட்டையைக் கேட்கலாம். இலக்கமே இல்லையென்றால் கொம்பனியிடம் வாயால் கேட்டுப் பயனில்லை. வட்ஸ்அப்பிலோ மின்னஞ்சலிலோ, வந்த திகதியைக் குறிப்பிட்டு எழுத்தில் கேட்கட்டும். கடவுச்சீட்டில் நுழைவு முத்திரையின் படம் இருந்தால் பத்திரமாக இருக்கட்டும். அதன் பிறகும் அசையாவிட்டால் கத்தார் தொழில் அமைச்சில் முறைப்பாடு செய்யலாம். டோஹாவிலுள்ள இலங்கைத் தூதரகத்தின் தொழில் பிரிவுக்கும் அறிவிக்கலாம்.

கடவுச்சீட்டு விடயத்தில் சட்டம் தெளிவு. 2015ஆம் ஆண்டின் 21ஆம் இலக்கச் சட்டப்படி, வதிவிட வேலை முடிந்ததும் அதைத் தொழிலாளியிடம் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவரே எழுத்தில் கேட்டால் மட்டும் கொம்பனி வைத்திருக்கலாம். மீறினால் தண்டம் 25,000 ரியால் வரை போகும். வேலைக்குச் சேர்ந்த அன்று நீட்டிய கட்டுக் கடதாசிகளுக்குள் அப்படியொரு "வேண்டுகோள்" இருந்ததா, அதில் கையெழுத்து வைத்தாரா என்று முதலில் கேளுங்கள். வாசிக்காமல் வைத்த கையெழுத்துத்தான் பின்னால் குறுக்கே நிற்கும்.

கேள்வி (நிலாவெளி): இந்த அட்டைகளிலுள்ள நீண்ட இலக்கத்துக்குப் பொருள் ஏதும் உண்டா?

பதில்: உண்டு. 1985 மார்ச் 14இல் பிறந்த ஓர் இலங்கையரை எடுத்துக்கொள்வோம். கத்தாரில் அவருக்கு 11 இலக்கம், 285144 என்று தொடங்கும். 2 என்றால் 1900களில் பிறந்தவர், 85 பிறந்த வருடம், 144 இலங்கையின் குறியீடு, மீதி ஐந்தும் தொடர் இலக்கம். 2000க்குப் பிறகு பிறந்த பிள்ளைக்கு முதல் இலக்கம் 3. குவைத்தில் 12 இலக்கம், 2850314 என்று தொடங்கும். அங்கே நாட்டுக் குறியீடு இல்லை, பிறந்த மாதமும் நாளும் வரும். அமீரகத்தில் 15 இலக்கம், 784-1985 என்று தொடங்கும். அந்த 784 அமீரகத்தின் குறியீடு, எல்லோருக்கும் பொது. சவூதி இக்காமாவில் 10 இலக்கம். வெளிநாட்டவருக்கு 2இலும் அந்நாட்டவருக்கு 1இலும் தொடங்கும்.

இது வெறும் வேடிக்கைக்கு அல்ல. கத்தார் அட்டையில் 144 இருக்க வேண்டிய இடத்தில் 356 கிடந்தால் உங்களை இந்தியராகப் பதிந்திருக்கிறார்கள் என்று பொருள். அட்டை கைக்கு வந்த அன்றே பார்த்தால் திருத்துவது சுலபம்.

கேள்வி (மூதூர்): மகன் சவூதியில். இக்காமா அட்டையில் இன்னும் மூன்று வருடம் இருக்கிறது. ஆனால் "இக்காமா முடிந்துவிட்டது" என்று பொலிஸார் பிடித்தார்களாம். இது எப்படி?

பதில்: ஐயா, அட்டை வேறு, இக்காமா வேறு. இப்போதைய "ஹவியத் முகீம்" அட்டைக்கு ஐந்து வருட ஆயுள். வதிவிட அனுமதியோ பெரும்பாலும் வருடத்துக்கு வருடம் கணினியில்தான் புதுப்பிக்கப்படுகிறது. புதுப்பித்தாலும் விட்டாலும் பிளாஸ்டிக்கில் ஒரு மாற்றமும் தெரியாது. பொலிஸார் இலக்கத்தைத் தட்டிப் பார்ப்பது கணினிப் பதிவை.

ஆகவே மகன் தன் பெயரில் அப்ஷர் என்ற சவூதி அரச சேவைத் தளத்தில் கணக்குத் திறந்து, முடியும் திகதியைத் தானே பார்க்க வேண்டும். கணக்குக்குத் தேவை இக்காமா இலக்கமும் தன் பெயரிலேயே எடுத்த சிம்மும். கூட்டாளியின் சிம்மைப் போட்டால் குறியீட்டுச் செய்தி கூட்டாளிக்குத்தான் போகும். திகதி ஹிஜ்ரியில் இருந்தால் மாற்றிப் பாருங்கள். ஹிஜ்ரி வருடத்துக்கு 354 அல்லது 355 நாள்தான் என்பதால் நம் கலண்டர்க் கணக்கில் 11 நாள் முந்திவிடும். "அடுத்த வருடம் இதே திகதிவரை இருக்கிறது" என்று நினைத்து இருந்தவர்கள் மாட்டியது இந்தப் பதினொரு நாளில்தான்.

புதுப்பிப்பது முதலாளியின் பொறுப்பு. தாமதத்துக்கு முதல் தடவை 500 ரியால், இரண்டாம் தடவை 1,000 ரியால் தண்டம். கொம்பனி தொழில் அனுமதிக் கட்டணம் கட்டாமல் விட்டிருந்தால் இக்காமாவும் நகராது. அப்படி முடிந்துபோன இக்காமாவோடு இருப்பவர், பழைய முதலாளியின் சம்மதம் இல்லாமலே கிவா என்ற அரச தொழில் சேவைத் தளம் வழியாக வேறு முதலாளிக்கு மாற முடியும். இந்த வழி இருப்பது பலருக்குத் தெரியாது. "ஹுரூப்" (வேலையை விட்டு ஓடிவிட்டார் என்ற முறைப்பாடு) போட்டுவிடுவார்கள் என்று பயந்து வேலைக்குப் போகாமல் ஒளிவதுதான் உண்மையில் ஹுரூப்புக்கு வழி. வேலைக்குப் போய்க்கொண்டே மாற்றத்துக்குப் போடச் சொல்லுங்கள்.

கேள்வி (தம்பலகாமம்): என் பெயரில் சிம் எடுத்துத் தரும்படி அறையில் இருப்பவர் கேட்கிறார். இக்காமாவின் படத்தை மட்டும் கொடுத்தால் போதுமாம். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள் தம்பி. ஒரே அறையில் ஒரே சட்டியில் சாப்பிடுபவராக இருந்தாலும் சரி. அந்த சிம்மிலிருந்து ஒரு மோசடி அழைப்புப் போனால் பொலிஸ் தேடுவது இலக்கத்துக்கு உரியவரை, அதாவது உங்களை. வங்கிக் கணக்கையும் ஏடிஎம் அட்டையையும் "கொஞ்ச நாளைக்கு" இரவல் கொடுப்பது இதைவிட மோசம். அதன் வழியாகத் திருட்டுப் பணம் ஓடினால் உங்கள் பயணமே தடைப்படும்.

சவூதியில் நபாத் செயலி (இணையத்தில் நுழைபவர் நீங்கள்தான் என்று உறுதிப்படுத்தும் அரச செயலி) வைத்திருப்போர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஓர் இணையத்தளத்தில் நுழையும்போது திரையில் ஈரிலக்க எண் ஒன்று, 47 என்று வைப்போம், தோன்றும். போனிலுள்ள செயலி மூன்று எண்களைக் காட்டி எது என்று கேட்கும். சரியானதைத் தொட்டால் கதவு திறக்கும். மோசடிக்காரன் "வங்கியிலிருந்து பேசுகிறேன், 47ஐ அழுத்துங்கள்" என்பான். அழுத்தினால் உங்கள் பெயரில் உள்ளே போவது அவன். நீங்களாக எதிலும் நுழையாத நேரத்தில் நபாத் எண் கேட்டால் மறுத்துவிடுங்கள்.

கேள்வி (உப்புவெளி): அண்ணாவின் கத்தார் அட்டையில் அரபுப் பெயர் பிழை என்கிறார்கள். பரமேஸ்வரன் என்ற பெயரை "பரமேஸ்ஃபரன்" என்பதுபோல் வாசிக்கிறார்களாம். திருத்த வேண்டுமா?

பதில்: அரபு நெடுங்கணக்கில் ஆங்கிலத்து P, V இரண்டுக்கும் எழுத்து இல்லை. எழுதுபவர் தன் காதுக்குப் பட்டபடி பக்கத்து எழுத்தைப் போடுவார். இது பிழையல்ல, விடலாம். ஆனால் நான்கு விடயங்களில் ஓர் எழுத்துக்கூடப் பிசகக்கூடாது: ஆங்கிலப் பெயர், கடவுச்சீட்டு இலக்கம், பிறந்த திகதி, நாடு. குவைத் 2019 மார்ச்சில் கடவுச்சீட்டில் விசா ஒட்டுவதை நிறுத்தி, எல்லாவற்றையும் சிவில் ஐடிக்கு மாற்றியது. சிவில் ஐடியின் ஆங்கிலப் பெயரும் கடவுச்சீட்டின் பெயரும் பொருந்துகிறதா என்று பார்த்துக்கொண்டு பயணம் செய்யும்படி அப்போது அறிவுறுத்தினார்கள்.

நம்மவருக்கு இன்னொரு சிக்கல், தகப்பன் பெயர். கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் அப்பாவின் பெயர் இருக்கும். கொம்பனியில் எல்லோரும் அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். அதைத் திருத்தப் போகாதீர்கள், பழகிவிடும். டிக்கெட், வங்கி, அட்டை மூன்றிலும் ஒரே ஒழுங்கு இருந்தால் போதும்.

கேள்வி (சம்பூர்): அம்மா குவைத்தில் வீட்டு வேலை. சிவில் ஐடியை மெடம் வாங்கி வைத்துக்கொண்டார். வெளியே போனால் பிரச்சினையா?

பதில்: பிரச்சினைதான், அட்டை இல்லாமல் வெளியே நிற்கக்கூடாது. 2015ஆம் ஆண்டின் 68ஆம் இலக்க வீட்டுப் பணியாளர் சட்டப்படி, கடவுச்சீட்டையோ சிவில் ஐடியையோ பணியாளரின் சம்மதமின்றி எடுத்து வைக்க வீட்டுக்காரருக்கு உரிமை கிடையாது. சண்டை பிடிக்காமல் ஒரு வழி இருக்கிறது. குவைத் மொபைல் ஐடி என்ற அரச செயலியில் சிவில் ஐடியைப் போனிலேயே வைத்துக்கொள்ளலாம், அது செல்லுபடியாகும். பதிய அட்டை இலக்கமும் பின்புறத்துத் தொடர் இலக்கமும் வேண்டும். ஒரு தடவை அட்டை கைக்கு வரும்போது முன்னும் பின்னும் படம் எடுத்துவிடச் சொல்லுங்கள். முன்பக்கம் மட்டும் எடுத்து வைத்துவிட்டுப் பிறகு தவிப்பவர்களே அதிகம்.

கேள்வி (குச்சவெளி): அட்டை தொலைந்தால் என்ன செலவு?

பதில்: கத்தாரில் மெட்ராஷ் என்ற அரச செயலியில் தொலைந்ததாக அறிவித்துப் புதியதற்கு 200 ரியால். அமீரகத்தில் 300 திர்ஹம், சேவைக் கட்டணம் தனி. அமீரக அட்டை முடிந்து 30 நாளுக்குள் புதுப்பிக்காவிட்டால் நாளுக்கு 20 திர்ஹம் வீதம், கூடியது 1,000 திர்ஹம் வரை ஏறும். 2022 ஏப்ரலிலிருந்து அமீரகமும் கடவுச்சீட்டில் வதிவிட விசா ஒட்டுவதில்லை, ஆகவே அட்டையே எல்லாம்.

கேள்வி (திருகோணமலை நகர்): மனைவியையும் பிள்ளையையும் டோஹாவுக்கு எடுக்க என்ன ஆவணங்களை உறுதிப்படுத்த வேண்டும்?

பதில்: விவாகப் பதிவுச் சான்றிதழ், பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ். வீட்டிலுள்ள மங்கிய பிரதி வேண்டாம், பிரதேச செயலகத்தில் புதிய பிரதி எடுங்கள். தமிழில் இருந்தால் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலம் செய்விக்க வேண்டும். கூடவே கடவுச்சீட்டுப் பிரதியைக் கொடுத்து, பெயரை அதிலுள்ள எழுத்துக்கூட்டிலேயே போடச் சொல்லுங்கள். முகம்மது என்பதை ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுதலாம். சான்றிதழில் ஒன்று, கடவுச்சீட்டில் இன்னொன்று என்றிருந்தால் டோஹாவில் கோப்பு திரும்பும்.

பிறகு வெளிநாட்டு அமைச்சின் கொன்சியூலர் உறுதிப்படுத்தல். இதற்கு இரவு பஸ் ஏறத் தேவையில்லை, திருகோணமலை மாவட்டச் செயலகத்திலேயே பிராந்திய அலுவலகம் இருக்கிறது. அடுத்தது கொழும்பிலுள்ள கத்தார் தூதரகம், கடைசியாக டோஹாவில் வெளிவிவகார அமைச்சு. ஒழுங்கு மாறினால் முத்திரை விழாது.

கேள்வி (மூதூர்): தம்பிக்குக் கத்தார் பத்தாக்கா இருக்கிறது. அதைக் காட்டி உம்ராவுக்குப் போகலாமா?

பதில்: போகலாம். வளைகுடா நாடுகளில் வதிவோர் எந்தத் தொழிலில் இருந்தாலும் இணையத்தில் சவூதி விசா எடுக்க 2023 மார்ச்சிலிருந்து வழி இருக்கிறது. வதிவிட அனுமதி குறைந்தது மூன்று மாதமும் கடவுச்சீட்டு ஆறு மாதமும் மிஞ்சியிருக்க வேண்டும். ஹஜ்ஜுக்கு இது செல்லாது.

கேள்வி (திருகோணமலை நகர்): ஜப்பானுக்கு முதியோர் பராமரிப்பு வேலைக்குப் போகிறேன். அங்கே அட்டை எப்படி?

பதில்: நரிட்டா, ஹனேடா போன்ற பெரிய விமான நிலையங்களில் இறங்கியவுடனேயே வதிவிட அட்டை கையில் தருவார்கள். அப்போது அதில் முகவரி இராது. தங்குமிடம் கிடைத்த 14 நாளுக்குள் நகர அலுவலகத்தில் கொடுத்துப் பின்புறத்தில் முகவரி போடுவிக்க வேண்டும். வீடு மாறினாலும் 14 நாள், தொலைந்தாலும் 14 நாள். எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் 200,000 யென் வரை தண்டம். லீவில் வரும்போது, திரும்பி வருவதாக விமான நிலையப் படிவத்தில் அடையாளமிட மறக்க வேண்டாம். மறந்தால் அட்டையை அங்கேயே வாங்கிவிடுவார்கள், விசாவும் போய்விடும்.

கேள்வி (சீனன்குடா): லீவில் வந்திருக்கிறேன். தேசிய அடையாள அட்டை தொலைந்துவிட்டது. கத்தார் அட்டையைக் காட்டி இங்கே வங்கியில் காசு எடுக்கலாமா?

பதில்: எடுக்க முடியாது. இங்கே கடவுச்சீட்டைக் காட்டுங்கள். அடையாள அட்டைக்குப் பொலிஸில் முறைப்பாடு போட்டு, அந்தப் பிரதியோடு கிராம உத்தியோகத்தரிடம் இந்த லீவிலேயே விண்ணப்பியுங்கள்.