கேளுங்கள் சொல்கிறோம்: மேஜைக்கு அடியில் ஒளியும் குழந்தை

கேள்வி: மகனுக்கு நான்கு வயது. அவன் பிறந்து முதல் ஒன்றரை வருடம் வீட்டில் தினமும் கத்தலும் சண்டையும்தான். நானும் பல நாள் அழுதுகொண்டே கிடப்பேன், அவனைத் தூக்கவே தோன்றாது. இப்போது பரவாயில்லை. ஆனால் யாராவது குரலை உயர்த்தினால் காதைப் பொத்திக்கொண்டு மேஜைக்கு அடியில் போய்விடுகிறான். முதல் 1,000 நாளில் மூளை உருவாகிவிடும், அப்புறம் எதையும் மாற்ற முடியாது என்று ஒரு வீடியோவில் பார்த்ததிலிருந்து எனக்குத் தூக்கமே இல்லை. நான் அவனைக் கெடுத்துவிட்டேனா?
(பெயர் வேண்டாம் என்ற வாசகி)

பதில்: அந்த வீடியோவில் பாதி சரி, பாதி மிரட்டல். சரியான பாதி இது: பிறக்கும்போது பெரியவர் மூளையில் சுமார் கால் பங்கு எடைதான் இருக்கும், இரண்டு வயதுக்குள் அது முக்கால் பங்கை எட்டிவிடும். அந்த ஓட்டத்தில் அடிக்கடி பயன்படும் நரம்பு இணைப்புகள் பலப்படும், பயன்படாதவை கழியும். சத்தமும் பயமும் தினசரி வாடிக்கையாகி, அணைத்துச் சமாதானப்படுத்தவும் ஆள் இல்லாமல் போனால், ஆபத்தை மோப்பம் பிடிக்கும் அமிக்டலா என்ற பகுதி சின்னச் சத்தத்துக்கும் துள்ளியெழப் பழகிக்கொள்ளும். உங்கள் மகன் மேஜைக்கு அடியில் போவதை அப்படித்தான் பார்க்கிறேன். மூளை கெட்டுப்போகவில்லை. அன்றைய வீட்டுக்கு ஏற்ற பாடத்தைச் சரியாகப் படித்திருக்கிறது, வீடு மாறிவிட்ட சேதிதான் அதற்கு இன்னும் முழுசாகப் போய்ச் சேரவில்லை.

'மாற்ற முடியாது' என்பதுதான் மிரட்டல். ருமேனியாவில் சர்வாதிகாரி சௌசெஸ்குவின் ஆட்சி 1989இல் விழுந்தபோது ஏராளமான குழந்தைகள் அநாதை இல்லங்களில் இருந்தார்கள், தூக்கிக் கொஞ்ச ஆள் கிடையாது. 2000இல் அந்நாட்டுத் தலைநகர் புக்கரெஸ்டில் தொடங்கிய ஆய்வில் அப்படிப்பட்ட 136 குழந்தைகளில் பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். இல்லத்தில் இருந்தவர்களைவிட அவர்களுக்கு அறிவு வளர்ச்சியும் மனிதர்களிடம் ஒட்டுதலும் கூடின. இரண்டு வயதுக்குள் போனவர்களுக்குப் பலன் அதிகம் என்பது உண்மைதான், ஆனால் இதைப் படித்து இன்னொரு ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம். அந்தக் குழந்தைகளுக்குத் தங்களுக்கென்று ஒருவர்கூட இல்லை. உங்கள் மகனுக்கு, அழுதுகொண்டே இருந்தாலும், நீங்கள் இருந்தீர்கள்.

இன்னொன்று. 1970களில் எட்வர்ட் ட்ரோனிக் என்ற உளவியலாளர், கைக்குழந்தையோடு விளையாடும் அம்மாவைத் திடீரென்று முகத்தைக் கல்லாக வைத்துக்கொள்ளச் சொன்னார். குழந்தை சிரித்துப் பார்க்கும், கை நீட்டும், கடைசியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழும். எல்லோரும் சொல்வது இதுவரைதான். சாதாரணமாக விளையாடும்போதுகூட அம்மாவும் குழந்தையும் ஒத்துப்போவது சுமார் 30 சதவீத நேரம்தான் என்பதும் அவர் கண்டதே. மீதி நேரம் தவறவிடுவதும் திரும்பப் பிடிப்பதுமாகவே போகும், குழந்தை கற்றுக்கொள்வது அந்தத் திரும்பப் பிடித்தலில்தான்.

அதனால் அவன் ஒளிந்தால் வெளியே இழுக்காதீர்கள், 'இதுக்கெல்லாமா பயம்' என்றும் கேட்காதீர்கள். பக்கத்தில் தரையில் உட்காருங்கள், குரலைத் தாழ்த்துங்கள், அவனாக வரட்டும். உணர்ச்சிக்குக் கடிவாளம் போடும் மூளையின் முன்பகுதி முதிர இருபது வயதைத் தாண்டும், அதுவரை அவனுக்கு உங்கள் நிதானம்தான் இரவல். நீங்களே கத்திவிட்டால், அடங்கியதும் போய் 'அம்மா சத்தம் போட்டுட்டேன், நீ பயந்துட்ட, உன் மேல தப்பில்ல' என்று சொல்லுங்கள். நான்கு வயதுக்கு அது நன்றாகவே புரியும்.

குழந்தையைத் தூக்கவே தோன்றாத அந்த நாட்கள் பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வாக இருந்திருக்கலாம். அது நோய், உங்கள் குணத்தில் உள்ள குறை இல்லை. மிச்சம் இன்னும் இருந்தால் உங்களுக்காகவும் மருத்துவரைப் பாருங்கள். பயம் அவன் தூக்கத்தையோ பேச்சையோ விளையாட்டையோ கெடுத்தால் குழந்தைகள் நல மருத்துவரிடம் காட்டுங்கள். அப்புறம், கடிதத்தில் 'பரவாயில்லை' என்று எழுதியிருக்கிறீர்களே, அடிதடி ஏதாவது மிச்சம் இருந்தால் நான் மேலே சொன்னதையெல்லாம் தள்ளி வையுங்கள், முதலில் இருவருக்கும் பாதுகாப்பு.

கேள்வி: சிறுவயதுக் கஷ்டங்களுக்கு மதிப்பெண் போடும் இணையத் தேர்வில் எனக்கு 10க்கு 6. இதய நோய், மன நோய் எல்லாம் வரும் என்கிறார்கள். என் மகளுக்கும் தொடருமா?

பதில்: 1998இல் அமெரிக்காவில் வெளியான, ஃபெலிட்டி, ஆண்டா என்ற மருத்துவர்கள் குழுவின் ஆய்விலிருந்து வந்த கேள்விகள் அவை. கூட்டமாகப் பார்த்தால் மதிப்பெண் ஏற ஏற நோய்களும் ஏறின, அது நிஜம். ஆனால் தனி ஆளுக்கு ஜோசியம் பார்க்க அது உதவாது என்று பின்னாளில் ஆண்டாவே எழுதினார். எந்த வயதில் நடந்தது, எத்தனை நாள் நீடித்தது, அப்போது உங்கள் பக்கம் யார் நின்றார்கள் என்பதையெல்லாம் அந்த எண் கேட்பதே இல்லை. ஹவாயைச் சேர்ந்த கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளைப் பல பத்தாண்டுகள் பின்தொடர்ந்தபோது, மோசமான சூழலில் வளர்ந்தவர்களில் மூன்றில் ஒருவர் நன்றாகவே தேறியிருந்தார். அவர்களில் பலருக்குப் பாட்டியோ ஆசிரியரோ யாரோ ஒருவர் துணையாக இருந்திருக்கிறார். உங்கள் மகளுக்கு அந்த ஒருவர் வீட்டிலேயே இருக்கிறாரே!

கேள்வி: அழும்போதெல்லாம் தூக்கினால் குழந்தை கெட்டுப்போகும் என்கிறார் மாமியார். நிஜமா?

பதில்: இல்லை. மைக்கேல் மீனி என்ற நரம்பியல் ஆய்வாளரின் ஆய்வில், தாய் அதிகம் நக்கிக்கொடுத்த எலிக்குட்டிகள் பெரிதான பிறகு பதற்றத்தை நன்றாகவே சமாளித்தன. மனிதர் எலி இல்லைதான், ஆனாலும் சில மாதக் குழந்தைக்கு அழுகையைத் தவிர வேறு மொழி ஏது? மாமியாரிடம் வாதாட வேண்டாம், அடுத்த முறை அழும்போது குழந்தையை அவர் கையில் கொடுத்துப் பாருங்கள். இறக்கிவிட மாட்டார்.