பெயர் போடாத செய்திக்கு நீங்களே பெயர் எழுதிக் கொடுக்காதீர்கள்

கேள்வி: திருவாரூர் மாவட்டத்தில் ஒரு தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் எழுத்தராக இருக்கிறேன். கணவர் சிங்கப்பூரில் வேலை பார்க்கிறார். சட்டமன்றத் தேர்தல் வாக்குப்பதிவுக்குச் சில நாட்கள் முன்பு, தஞ்சாவூர் மாவட்டத்திலிருந்து வரும் ஒரு வார இதழ், எங்கள் தொகுதி வேட்பாளருக்கும் ‘கடன் சங்கத்துப் பெண் ஊழியர்’ ஒருவருக்கும் தொடர்பு என்றும், அந்த நெருக்கத்தால் அவருடைய ஆட்களுக்குப் பயிர்க்கடன் போனது என்றும் ‘ஊரில் பேசப்படுகிறது’ என எழுதியது. என் பெயர் இல்லை. ஆனால் எங்கள் சங்கத்தில் பெண் ஊழியர் நான் ஒருத்திதான், சங்கக் கட்டடத்தின் படமும் இருந்தது. வாசலில் என் ஸ்கூட்டர் நிற்கிறது. மறுநாள் ஒரு யூடியூப் சேனல் அதையே வாசித்துக் காட்டியது. அந்த வேட்பாளர் எனக்கு அண்ணன் மாதிரி. குடும்ப விஷயமாக அடிக்கடி போனில் பேசுவார், அவ்வளவுதான். கடனும் அவர் ஆட்களுக்கு மட்டும் கொடுத்ததில்லை. சம்பா நேரத்தில் அடங்கலை, அதாவது பயிர்ச் சான்றை, பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று பலருக்கும் கொடுப்பது வழக்கம். மாமியார் என்னோடு பேசுவதில்லை. டீக்கடையில் என்னைப் பார்த்தால் சிரிக்கிறார்கள். என் தம்பி நண்பர்களோடு பத்திரிகை அலுவலகத்துக்குப் போய்ச் சத்தம் போட்டதற்கு அவர்கள் போலீசில் மனு கொடுத்துவிட்டார்கள். என் மனுவுக்கு ரசீது மட்டும் கிடைத்தது. தேர்தலில் தோற்ற வேட்பாளரின் தரப்பு, ‘வழக்குப் போடுங்கள், செலவு எங்களுடையது’ என்கிறது. ஆசிரியரைச் சிறைக்கு அனுப்பவும், ஒரு கோடி ரூபாய் நஷ்டஈடு வாங்கவும் வழி சொல்லுங்கள்.

பதில்:

மாமியாரும் டீக்கடையும் நஷ்டஈட்டுப் பத்தியில் ஒரு வரிக்குத் தேறுவார்கள். அதோடு அவர்களை விட்டுவிடுவோம்.

வெளியானது அவதூறுதான். ‘பேசப்படுகிறது’ என்று போட்டாலும், கடைசியில் கேள்விக்குறி போட்டாலும் பத்திரிகை தப்ப முடியாது. வதந்தியைத் திருப்பிச் சொல்கிறவரும் அதை வெளியிட்டவர்தான். பெயர் இல்லை என்பதும் தடையில்லை. சங்கத்தில் இருப்பது ஒரே பெண் ஊழியர், வாசலில் அவருடைய வண்டி. உங்களைத் தெரிந்தவர்களுக்கு அது போதும், சட்டத்துக்கும் போதும். பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 356-வது பிரிவு பொருந்தும். எதிர்த்தரப்பு வக்கீலுக்கும் இது தெரியும்.

அவதூறு நடந்ததா என்பதில் உங்கள் வழக்கு தோற்காது. வழக்குப் போட்ட பிறகு உங்களுக்கு என்ன ஆகும் என்பதைத்தான் நீங்கள் யோசிக்கவில்லை.

இன்று உங்களை அடையாளம் கண்டவர்கள் சங்கத்து உறுப்பினர்களும் சுற்றியுள்ள நாலைந்து கிராமத்தாரும்தான். பத்திரிகை உங்கள் பெயரைப் போடாததால், ‘அந்தப் பெண் நான்தான்’ என்று பிராதில் நீங்களே எழுதிக் கையெழுத்திட வேண்டும். தகப்பனார் பெயர், கணவர் பெயர், முகவரி எல்லாம் அதில் வரும். ‘படித்ததும் இவர்தான் என்று நினைத்தோம்’ என்று சொல்ல உறவினர் அல்லாத இரண்டு சாட்சிகளைக் கூட்டிவர வேண்டும். அதாவது, வதந்தியை நம்பிய இரண்டு பேரைத் தேடிப் பிடித்து, கூண்டில் ஏற்றி, அதை உரக்கச் சொல்லவைக்க வேண்டும்.

அதன் பிறகு நடப்பதுதான் என்னிடம் வந்த பலரைக் கவிழ்த்தது. நீதிமன்ற நடவடிக்கையைப் பற்றிய சாராம்சத்தில் உண்மையான செய்தி அவதூறு ஆகாது. அதே 356-வது பிரிவின் நான்காவது விதிவிலக்கு அப்படித்தான் சொல்கிறது. வாக்குப்பதிவுக்கு முன் சட்டத்துக்குப் புறம்பாக எழுதியதை, அந்த ஆசிரியர் இனி ஒவ்வொரு வாய்தாவுக்கும் சட்டத்தின் பாதுகாப்போடு எழுதலாம். இந்த முறை உங்கள் பெயரோடு எழுதுவார். தேர்தல் முடிந்து ஊர் அறுவடை வேலையில் மறந்துவிட்ட கதையை உயிரோடு வைத்திருக்கும் செலவை நீங்கள் கட்டுவீர்கள்.

இதைவிடப் பெரிய ஆபத்து உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள்: அடங்கலைப் பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று கடன் கொடுப்பது வழக்கம். அம்மா, இந்த வாக்கியத்தை வேறு எங்கும் எழுதாதீர்கள். வாட்ஸ்அப்பில் யாருக்கும் விளக்கமாகக்கூடச் சொல்லாதீர்கள். நிலத்தில் பயிர் இருக்கிறது என்பதற்கு கிராம நிர்வாக அலுவலர் தரும் அடங்கல்தான் அத்தாட்சி. அது இல்லாமல் பயிர்க்கடன் போனது என்றால், அந்தச் செய்தியின் பாதிக்கு நீங்களே ஒப்புதல் கொடுத்ததாக எதிர்த்தரப்பு வாதாடும். ‘எல்லோருக்கும் அப்படித்தான்’ என்பது உங்கள் மனதில் சமாதானம். குறுக்கு விசாரணையில் அது வாக்குமூலம்.

எதிர்த்தரப்பு என்ன செய்யும் என்று சொல்கிறேன். கடன் பேரேட்டையும் மனுக்களையும் கொண்டுவரச் சொல்லி மனுப் போடும். கடன் மனுவில் ‘ஆவணங்கள் சரிபார்க்கப்பட்டன’ என்ற இடத்தில் இருக்கும் சுருக்கொப்பம் யாருடையது? எழுத்தருடையது. அடங்கலில் உள்ள தேதி கடன் பட்டுவாடா தேதிக்குப் பிந்தியதாக இருக்கும். இரண்டு தாள்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து உங்களிடம் நீட்டுவார்கள். வேட்பாளரின் ஆட்கள் என்று சொல்லப்படும் பெயர்கள் அந்தப் பேரேட்டில் ஒன்றிரண்டு இருந்தால் போதும். உரிமையியல் வழக்கில் செய்தி உண்மை என்று காட்டினாலே பத்திரிகைக்கு விடுதலை. குற்ற வழக்கில் பொதுநலனும் வேண்டும்; விவசாயிகளின் சங்கத்துப் பணம் என்றால் பொதுநலனைக் காட்டுவது அவர்களுக்குக் கஷ்டமில்லை.

அங்கேயும் அது நிற்காது. நீதிமன்றத்தில் சாட்சியமாக ஏற்றுக் குறியிட்ட ஆவணத்தைக் கூட்டுறவுத் துறை பார்க்காமல் இருக்க முடியாது. தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் 1983-ன் 81-வது பிரிவில் விசாரணை வரும். இழப்பு என்று முடிவு செய்தால் 87-வது பிரிவில் தண்டத்தீர்வை, அதாவது இழப்பை உங்களிடமே வசூலிக்கும் உத்தரவு, வரும். ‘செயலாளர் சொன்னார், செய்தேன்’ என்பீர்கள். செயலாளர் அப்படிச் சொல்லவில்லை என்பார். மானத்தை மீட்க நீதிமன்றப் படி ஏறியவர் கடைசியில் சம்பளத்தில் பிடித்தம் கட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்திருக்கிறேன். அந்த வழக்கில் அவதூறு நிரூபணமும் ஆனது.

போன் விஷயம். கற்பை நிரூபிக்கும் பாரம் உங்கள் மேல் இல்லை. எழுதியது உண்மை என்று காட்டும் பாரம் எழுதியவர் மேல்தான். ஆனால் அழைப்பு விவரங்களைக் கேட்டு அவர்கள் மனுப் போடலாம். அண்ணன் முறைக்காரர் மாதம் எத்தனை தடவை, இரவு எத்தனை மணிக்கு, எத்தனை நிமிடம் பேசினார் என்று ஒரு வக்கீல் நிதானமாகக் கேட்கும்போது, பதில் முழுவதும் நியாயமாக இருந்தாலும், கேள்விகள் மட்டும்தான் மறுநாள் அச்சாகும்.

இனி வேட்பாளரின் பணம். அதைத் தொடாதீர்கள். அவருக்கு வேண்டியது உங்கள் மானமல்ல, தேர்தல் முடிவை எதிர்த்துப் போடும் தேர்தல் மனுவுக்குச் சாட்சி. மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 1951-ன் 123(4) பிரிவின்படி, வேட்பாளரின் சொந்த நடத்தையைப் பற்றிப் பொய்யென்று தெரிந்தோ, உண்மையென்று நம்பாமலோ செய்தி பரப்புவது ஊழல் நடவடிக்கை. ஆனால் அதை எதிர் வேட்பாளரோ, அவருடைய முகவரோ, அவர்களில் ஒருவரின் சம்மதத்தோடு வேறு யாரேனுமோ செய்திருக்க வேண்டும். ஒரு வார இதழ் தானாக எழுதியது அதில் வராது. சம்மதத்தைக் குற்ற வழக்கு அளவுக்கு நிரூபிக்க வேண்டும். பெரும்பாலான மனுக்கள் அங்கேதான் விழுகின்றன. முடிவு அறிவித்த 45 நாளுக்குள் உயர் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யவும் வேண்டும். அந்தக் கெடு முடிந்தால் அவருடைய ஆட்கள் உங்கள் போனை எடுப்பார்களா என்று பாருங்கள். நீங்கள் கூண்டில் நிற்கும்போது முதல் கேள்வியே ‘இந்த வழக்குக்குக் கட்டணம் கட்டியது யார்?’ என்பதாக இருக்கும். உண்மையைச் சொன்னால் வதந்திக்கு ரசீது கொடுத்த மாதிரி. பொய் சொன்னால் பொய்ச் சாட்சியம்.

ஒரு கோடி கேட்பதற்குத் தமிழ்நாட்டில் நீதிமன்றக் கட்டணம் மூன்று சதவீதம், அதாவது மூன்று லட்சம் ரூபாய். அந்த வார இதழின் அச்சகப் பாக்கியே அவ்வளவு இருக்கும். சிறை என்பதையும் மறந்துவிடுங்கள். உச்சபட்சம் இரண்டு ஆண்டு வெறுங்காவல். அபராதத்தோடோ சமுதாயச் சேவையோடோ விடவும் சட்டத்தில் இடமுண்டு. போலீஸ் இல்லாமல் நேராக நடுவரிடம் தனிப்புகார் போட்டாலும், நடுவர் கோப்பில் எடுப்பதற்கு முன்பே எதிரிக்குத் தன் தரப்பைச் சொல்ல வாய்ப்புக் கொடுக்க வேண்டும் என்று குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 223-வது பிரிவு சொல்கிறது. ஆசிரியர் வேறு மாவட்டத்தில் இருப்பதால் 225-ன் கீழ் முன்விசாரணையும் சேரும். அவருக்குச் சம்மன் போவதற்குள் அடுத்த குறுவை வந்துவிடும்.

போலீஸ் ரசீதோடு நிறுத்தியது சரி. அவதூறுக்கு அவர்கள் நேரடியாக வழக்குப் பதிய முடியாது. பெண்ணின் கண்ணியத்துக்கு இழுக்கு என்று நியாய சன்ஹிதாவின் 79-வது பிரிவையும், இணையத்தில் ஆபாசம் என்று தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 67-ஐயும் சேர்த்து முதல் தகவல் அறிக்கை போடவைக்கலாம் என்று உங்கள் ஊர் வக்கீல் யாராவது சொல்லுவார். செய்தியில் ஆபாச வார்த்தையோ படமோ இல்லாத நிலையில் அது உயர் நீதிமன்றத்தில் ரத்தாகும். ரத்தான தீர்ப்பும் செய்தியாகும்.

ஆகவே என் யோசனை: சமரசம். அதையும் கை ஓங்கி இருக்கும்போதே பேச வேண்டும். அவதூறுக்கான உரிமையியல் வழக்கின் காலவரையறை, வெளியான நாளிலிருந்து ஓர் ஆண்டுதான். நோட்டீஸ் அனுப்பினாலும், பேச்சுவார்த்தை நடந்தாலும் அந்தக் கடிகாரம் நிற்காது. ‘வீடியோ இன்னும் இருக்கிறதே, தினமும் புதிய அவதூறுதானே’ என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இணையத்தில் முதலில் ஏற்றிய நாளையே கணக்கில் கொள்ள வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2013-ல் சொல்லியிருக்கிறது. குற்றவியல் புகாருக்கு மூன்று ஆண்டு என்பதைச் சொல்லியே சிலர் உங்களைத் தூங்கவைப்பார்கள்.

பேசப் போகும் முன் ஆதாரத்தைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். பத்தில் எட்டுப் பேர் செய்தியைக் கத்தரித்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு என்னிடம் கொண்டுவருகிறார்கள். ஆசிரியர், வெளியிடுபவர், அச்சிடுபவர் பெயர்கள் பொடி எழுத்தில் இருக்கும் தாள் பழைய பேப்பர்காரனிடம் போயிருக்கும். முழு இதழ் இரண்டு பிரதி வேண்டும். வீடியோவைப் பதிவிறக்கி வைத்து, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63-வது பிரிவுச் சான்றிதழை, கோப்பு மாறவில்லை என்று காட்டும் ஹேஷ் மதிப்போடு இப்போதே வாங்கிவிடுங்கள். ஸ்கிரீன்ஷாட் மட்டும் இருந்தால் எதிர்த்தரப்பு வக்கீல் சிரிப்பார்.

நோட்டீசில் கடன் பற்றிய பகுதியைத் தொடவே வேண்டாம். தொடர்பு என்று எழுதிய பகுதியை மட்டும் பிடியுங்கள். வேட்பாளர் பொதுவாழ்வில் இருப்பவர், அவரைப் பற்றி எழுத அவர்களுக்குக் கொஞ்சம் இடமுண்டு. நீங்கள் அப்படி அல்ல. பொதுவாழ்வில் இல்லாதவரின் அந்தரங்கத்தை அவர் சம்மதமின்றி எழுதக்கூடாது என்று 1994-ல் ராஜகோபால் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. தமிழ்நாட்டு வார இதழ் ஒன்றின் வழக்கு அது. எந்த ஆசிரியருக்கும் தெரியாமல் இருக்காது.

கேட்க வேண்டியது மறுப்பு அல்ல, திருத்தம். மறுப்பு என்றால் பழைய கதை முழுவதையும் திரும்ப எழுதி, கடைசி வரியில் ‘இதை அவர் மறுக்கிறார்’ என்று முடிப்பார்கள். வாசகத்தை உங்கள் வக்கீலே எழுதட்டும்: இந்தத் தேதியிட்ட இதழில் இந்தப் பக்கத்தில் ஒரு கூட்டுறவு ஊழியரைக் குறித்து வெளியான தனிப்பட்ட செய்திக்கு ஆதாரம் இல்லை, வருந்துகிறோம். அவ்வளவே. பெயர் வேண்டாம், குற்றச்சாட்டு வேண்டாம், படம் வேண்டாம். அதே பக்கம், அதே அளவு. யூடியூப்காரர் வீடியோவையும் அதிலிருந்து வெட்டிய ஷார்ட்ஸையும் நீக்க வேண்டும்.

பணம் பற்றி நீங்களோ தம்பியோ போனில் ஒரு வார்த்தை பேசக்கூடாது. பதிவு செய்துவிட்டு, மிரட்டிப் பணம் கேட்டதாக எதிர்மனு போடுவார்கள். ஒப்பந்தத்தை வெறும் முத்திரைத்தாளில் எழுதிக்கொள்ளாமல், திருவாரூர் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் வழக்குக்கு முந்தைய லோக் அதாலத்தில் (மக்கள் நீதிமன்றம்) பதிவு செய்யுங்கள். அந்தத் தீர்வு தீர்ப்பாணைக்குச் சமம். மீண்டும் எழுதினால் நிறைவேற்று மனுப் போடலாம். பெண் என்பதால் வருமான வரம்பு இல்லாமல் உங்களுக்கு அங்கே இலவச வக்கீல் கிடைப்பார். வேட்பாளரின் தயவு தேவையில்லை.

தம்பியின் விவகாரமும் அதே ஒப்பந்தத்தில் அடங்க வேண்டும். நீங்கள் வீறாப்பாக நின்றால், அலுவலகத்து சிசிடிவி பதிவோடு, ஆபாசப் பேச்சு, மிரட்டல் என நியாய சன்ஹிதாவின் 296(b), 351 பிரிவுகளில் தம்பி மேல் முதல் தகவல் அறிக்கை வரும். பாஸ்போர்ட் எடுக்கிற வயதுப் பையனுக்கு அது தேவையில்லை. ஆசிரியரிடம் இருக்கும் ஒரே துருப்புச்சீட்டும் அதுதான். அவர் அந்த மனுவை வாபஸ் வாங்கிய நகல் கையில் வந்த பிறகுதான் நீங்கள் கையெழுத்திட வேண்டும். அதுவரை தம்பி எந்த மன்னிப்புக் கடிதமும் எழுதித் தர வேண்டாம். நிலையத்தில் ‘சும்மா ஒரு வரி எழுதிக் கொடுத்துவிட்டுப் போ தம்பி’ என்று யார் கேட்டாலும் சரி.