கான்டாக்ட் லென்ஸ்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

ஆடிப்பெருக்கை ஒட்டி வந்த கடிதங்களில் சாஃப்ட் கான்டாக்ட் லென்ஸ் பற்றியவையே மிகுதியாக இருந்தன. ஒரே பொருளைக் கேட்ட கடிதங்களை ஒன்றாகச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

எனக்குக் கண்ணாடிப் பவர் இரண்டு கண்ணுக்கும் மைனஸ் 6.50. அதே பவரில் லென்ஸ் வாங்கிக்கொள்ளலாமா?
(கல்லூரி மாணவி, தஞ்சாவூர்)

கூடாது. கண்ணாடி கருவிழியிலிருந்து சுமார் 12 மில்லிமீட்டர் தள்ளி நிற்கிறது. லென்ஸ் கருவிழியின் மேலேயே அமர்கிறது. 4க்கு மேற்பட்ட பவரில் இந்த இடைவெளி கணக்கில் வந்துவிடும். உங்களுக்கு மைனஸ் 6 அளவில் போதுமானதாக இருக்கலாம். பவரோடு வளைவும் விட்டமும் பொருந்த வேண்டும் என்பதால், லென்ஸுக்கென்று தனியாக அளவெடுத்து, சோதனை லென்ஸைப் போட்டு, சிறிது நேரம் கழித்து அது கண் சிமிட்டும்போது சரியாக அசைகிறதா என்று பார்த்தபின் வாங்குங்கள்.

மாத லென்ஸ் வைத்திருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமையும் முகூர்த்த நாளும் மட்டுமே அணிவதால் எட்டு மாதமாகியும் புதிதுபோலவே இருக்கிறது. இன்னும் எத்தனை நாள் அணியலாம்?
(மயிலாடுதுறை)

ஒரு நாள்கூட வேண்டாம். மாத லென்ஸ் என்றால் உறையைப் பிரித்த நாளிலிருந்து முப்பது நாள். அணிந்த நாட்களை மட்டும் கூட்டிக் கணக்கிடுவதில்லை. கண்ணீரிலுள்ள புரதமும் கொழுப்பும் லென்ஸில் படிந்திருப்பது வெறுங்கண்ணுக்குத் தெரியாது. டப்பாவிலுள்ள சொல்யூஷனை எத்தனை நாளுக்கு ஒருமுறை மாற்றினீர்கள் என்று நீங்கள் எழுதவே இல்லை. எழுதாததிலிருந்து மாற்றவில்லை என்றே எடுத்துக்கொள்கிறேன். வாரக்கணக்கில் மாற்றாத சொல்யூஷன் வலுவிழந்துவிடும். அதன்பின் அதில் கிருமி வளரத் தடையில்லை. உங்களைப்போல் எப்போதாவது அணிபவர்கள், அணிந்த அன்றே எறிந்துவிடும் தினசரி லென்ஸ் வாங்குவதுதான் சரி.

ஆடிப்பெருக்கன்று லென்ஸோடு காவிரியில் மூழ்கிக் குளித்தேன், ஒன்றும் ஆகவில்லை. ஐப்பசியில் துலா ஸ்நானத்துக்கும் அப்படியே போகலாம் அல்லவா? (கும்பகோணம்)
சொல்யூஷன் தீர்ந்துவிட்டால் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில் உப்புக் கலந்து லென்ஸை ஊற வைக்கலாமா? (மன்னார்குடி)

இந்த இரண்டு கடிதங்களையும் படித்தபோது எனக்கு வருத்தமாக இருந்தது. எத்தனை முறை எழுதினாலும் தண்ணீர் விஷயத்தில் மட்டும் நம் வாசகர்கள் காது கொடுப்பதில்லை. ஆறும் வாய்க்காலும் குளமும் சூழ்ந்து வாழும் நமக்குத் தண்ணீரால் தீங்கு வரும் என்பது மனத்தில் ஏறுவதில்லை என்பது புரிகிறது. ஆயினும் சாஃப்ட் லென்ஸ் அணிந்த கண்ணுக்கு எந்தத் தண்ணீரும் ஆகாது. காவிரி நீர், கிணற்று நீர், போர்வெல் நீர், மாடித் தொட்டியிலிருந்து குழாயில் வரும் நீர், கேன் தண்ணீர், குளோரின் கலந்த நீச்சல் குளம் என்று எதற்கும் விலக்கு இல்லை.

இதற்குக் காரணம் அகாந்தமீபா என்னும் ஓரணு உயிரி. மண்ணிலும் நன்னீரிலும் அது எங்கும் இருக்கிறது. சூழ்நிலை ஒவ்வாதபோது தன்னைச் சுற்றிக் கெட்டியான கூடு கட்டிக்கொண்டு கிடக்கும். குடிநீரில் வழக்கமாகக் கலக்கும் அளவு குளோரின் அந்தக் கூட்டை ஒன்றும் செய்யாது. லென்ஸ் இல்லாத கண்ணில் கண்ணீரும் இமையும் பெரும்பாலும் அதை அப்புறப்படுத்திவிடுகின்றன. லென்ஸ் இருந்தால் அது லென்ஸின் பரப்பில் ஒட்டி, லென்ஸுக்கும் கருவிழிக்கும் நடுவில் மணிக்கணக்கில் தங்குகிறது. போதாததற்கு, உப்பில்லாத நன்னீர் பட்டால் சாஃப்ட் லென்ஸ் கருவிழியோடு இறுக ஒட்டிக்கொள்ளும். அதை இழுத்து எடுக்கும்போது கருவிழியின் மேல்தோல் உரிந்து கிருமிக்கு வாசல் திறந்துவிடும்.

அந்த நோய் வந்த கண்ணைப் பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள். வெளிச்சத்தில் கண்ணைத் திறக்கவே முடியாது. தொடக்கத்தில் கருவிழியில் பெரிதாக ஒன்றும் தெரியாது, வலியோ உறங்க விடாது. அக்கிக் கிருமியால் வந்த புண் என்று கருதி வேறு மருந்து கொடுத்துச் சில வாரங்கள் வீணாவதும் உண்டு. நோய் இன்னதென்று உறுதியான பிறகு, முதல் சில நாட்கள் இரவு பகலாக மணிக்கு ஒருமுறை சொட்டு மருந்து விட வேண்டும். பிறகும் பல மாதங்கள் மருந்து தொடரும். அதற்கும் கட்டுப்படாமல் கருவிழி மாற்று அறுவை வரை போனவர்கள் உண்டு.

மன்னார்குடி வாசகருக்கு ஒன்று சொல்கிறேன். நீங்கள் கேட்டதுபோன்ற உப்புநீரை 1980களில் அமெரிக்காவில் பலர் வீட்டிலேயே தயாரித்துப் பயன்படுத்தினார்கள். உப்பு மாத்திரையைத் தண்ணீரில் கரைத்து லென்ஸுக்கு ஊற்றியவர்களிடையே இந்த நோய் பரவியதிலிருந்துதான் அந்த வழக்கத்துக்கே மருத்துவ உலகம் தடை சொன்னது. உப்புநீர் கிருமியைக் கொல்லாது. கொதிக்க வைத்த நீரும் ஆறும் நேரத்தில், பாத்திரத்திலிருந்தும் கையிலிருந்தும் மறுபடி மாசுபடும். சொல்யூஷன் தீர்ந்துவிட்டால் லென்ஸைத் தூக்கி எறிந்துவிட்டுக் கண்ணாடி அணியுங்கள்.

கும்பகோணம் வாசகரே, ஒருமுறை ஒன்றும் ஆகவில்லை என்பது அடுத்த முறைக்கு உறுதி அல்ல. துலா ஸ்நானத்துக்கும், 2028இல் மகாமகம் வரும்போதும், படித்துறையில் இறங்கும் முன்பே லென்ஸைக் கழற்றிவிடுங்கள். தவறித் தண்ணீர் பட்டுவிட்டால், லென்ஸோடு பயன்படுத்தத்தக்க ஈரமூட்டும் சொட்டு மருந்தை ஓரிரு சொட்டு விட்டு லென்ஸ் தளர்ந்த பிறகு கழற்றி எறிந்துவிடுங்கள். குளியலறையில் தலைக்கு ஊற்றிக்கொள்வதற்கும் இதே விதி.

வாராவாரம் சென்னையிலிருந்து இரவு உழவன் எக்ஸ்பிரஸில் ஊருக்கு வருகிறேன். என்னுடையது ஆக்சிஜன் அதிகம் புகும் சிலிக்கான் ஹைட்ரோஜெல் லென்ஸ் என்பதால் அணிந்தபடியே தூங்கிவிடுகிறேன். தவறா?
(பாபநாசம்)

தவறு. சிலிக்கான் ஹைட்ரோஜெல் 1999 வாக்கில் வந்தபோது நாங்களும் நிறைய எதிர்பார்த்தோம். மூச்சுத்திணறிய கருவிழி வீங்குவது குறைந்தது. ஆனால் தூங்கும்போது தொற்று வரும் அபாயம் எதிர்பார்த்தபடி குறையவில்லை. பகலில் மட்டும் அணியும் பத்தாயிரம் பேரில் ஆண்டுக்கு இரண்டு மூன்று பேருக்குக் கருவிழித் தொற்று வருகிறது என்றால், அணிந்தபடி தூங்குபவர்களில் ஏறத்தாழ இருபது பேருக்கு வருகிறது. வண்டி ஏறும் முன் அறையிலேயே கையைச் சோப்புப் போட்டுக் கழுவி, உலர்ந்த துணியில் ஈரம் போகத் துடைத்து, லென்ஸைக் கழற்றி டப்பாவில் வைத்துவிட்டுக் கண்ணாடியோடு ஏறுங்கள். ஓடும் ரயிலின் கை கழுவும் தொட்டியருகே நின்று கழற்றுவது வேண்டாம்.

கண் சிவந்திருக்கிறது. என்ன சொட்டு மருந்து போடலாம்?
(ஊர் எழுதவில்லை)

ஊர் மட்டுமா எழுதவில்லை? வயது இல்லை, எத்தனை நாளாகச் சிவப்பு என்பது இல்லை, வலி உண்டா, பார்வை மங்குகிறதா, லென்ஸோடு தூங்கினீர்களா என்று எதுவும் இல்லை. இப்படி எழுதிக் கேட்பவருக்கு மருந்தின் பெயரைச் சொல்வது மருத்துவம் ஆகாது.

லென்ஸ் அணிபவருக்குக் கண் சிவந்து வலித்தால், கருவிழிப் புண்ணாக இருக்குமோ என்றுதான் முதலில் பார்ப்போம். சூடோமோனாஸ் என்ற பாக்டீரியா புகுந்தால் ஓரிரு நாளில் கருவிழியையே கரைத்துவிடும். உடனே லென்ஸைக் கழற்றுங்கள், கண்ணைக் கட்டாதீர்கள், அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள். லென்ஸையும் டப்பாவையும் சொல்யூஷன் பாட்டிலையும் எறியாமல் கையோடு கொண்டு போனால், கிருமியை அவற்றிலிருந்தும் ஆய்வுக்கூடத்தில் வளர்த்துக் கண்டறிய வாய்ப்பு உண்டு. மருந்துக் கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்தில் ஸ்டீராய்டு இருந்தால் சிவப்பு மறையும், வலி குறையும், உள்ளே புண் ஆழமாகும். தாய்ப்பாலும் விளக்கெண்ணெயும் நந்தியாவட்டைச் சாறும் விடவே வேண்டாம்.

என் மகளின் அரங்கேற்றத்துக்கு அவள் தோழியின் நீல நிற லென்ஸை ஒரு மாலை மட்டும் அணியலாமா? பவர் இல்லாத லென்ஸ்தான். மையை எப்போது தீட்டுவது?
(திருவாரூர்)

ஒருவர் லென்ஸை இன்னொருவர் ஒரு நிமிடம்கூட அணியக் கூடாது. பவர் இல்லாவிட்டாலும் அது கருவிழியின் மேல் அமரும் லென்ஸ்தான். அளவெடுத்து அவளுக்கென்றே வாங்குங்கள். முதலில் லென்ஸ், அதன்பின் ஒப்பனை. முடிந்ததும் முதலில் லென்ஸைக் கழற்றிவிட்டு ஒப்பனையைக் கலையுங்கள். மை இமைமுடிக்கு வெளிப்புறத்தோடு நிற்கட்டும்.

குறுவை அறுவடை நேரத்தில் களத்தில் நிற்கும்போது லென்ஸ் அணியலாமா?
(நீடாமங்கலம்)

அணியாதீர்கள். நெல்லின் சுணையும் வைக்கோல் தூசியும் லென்ஸுக்கு அடியில் புகுந்தால் கருவிழியைக் கீறும். பயிர்ப்பொருள் பட்ட கீறலில் பூஞ்சை தொற்றுவது நம் பக்கத்தில் புதிதல்ல. தமிழகத்தில் கருவிழிப் புண்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் பூஞ்சையால் வருபவை, அவை ஆறப் பல வாரங்கள் பிடிக்கும். பக்கவாட்டிலும் மறைப்பு உள்ள கண்ணாடி அணிந்து களத்துக்குப் போங்கள்.

டப்பாவை எப்படிக் கழுவுவது? உள்ளே வழவழப்பாக இருக்கிறது.
(சீர்காழி)

கழுவ வேண்டாம், எறியுங்கள். மூடியின் திருகு வரிகளிலும் கிண்ணத்தின் அடியிலும் நீங்கள் தடவிப் பார்த்த அந்த வழவழப்பு கிருமிகள் கூடிக் கட்டிய படலம். எந்தச் சொல்யூஷனும் அதற்குள் எளிதாக நுழையாது. புது டப்பாவை நாள்தோறும் காலையில் பழைய சொல்யூஷனைக் கொட்டி, புதுச் சொல்யூஷனால் விரலால் தேய்த்து அலசி, துடைத்து, மூடியைக் கழற்றித் தலைகீழாகக் கவிழ்த்துக் காய வையுங்கள். இதற்கும் தண்ணீர் கூடாது. இரவில் பழைய சொல்யூஷன் மேலேயே புதிதைக் கொஞ்சம் ஊற்றி நிரப்புவது பாதிப் பேரின் வழக்கம். அது சிக்கனம் ஆகாது. மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது டப்பாவை மாற்றுங்கள்.

பெராக்சைடு சொல்யூஷனால் அலசி அணிந்ததும் கண் தீப்பட்டதுபோல் எரிந்தது. ஏன்?
(நாகப்பட்டினம்)

அது 3 சதவீத ஹைட்ரஜன் பெராக்சைடு. அதனோடு வரும் தனி டப்பாவில், அடியிலுள்ள வில்லையோடு ஆறு மணி நேரம் ஊறினால்தான் அதன் காரம் நீங்கும். சாதாரண டப்பாவில் ஊற வைத்தாலும் நேரே அலசி அணிந்தாலும் கண் வெந்துபோகும். லென்ஸைக் கழற்றிவிட்டுச் சுத்தமான நீரால் கண்ணை நன்கு கழுவ வேண்டும். நான் தண்ணீரை அனுமதிக்கும் ஒரே இடம் இது, அதுவும் லென்ஸ் வெளியே வந்த பிறகு. எரிச்சல் நீடித்தால் மருத்துவரிடம் காட்டுங்கள்.

லென்ஸ் கண்ணுக்குப் பின்னால் போய்விட்டது. மூளைக்குப் போகுமா?
(திருத்துறைப்பூண்டி)

போகாது. வெள்ளை விழியை மூடும் சவ்வு இமையின் உட்புறத்தோடு மடிந்து சேர்ந்திருப்பதால், பின்னால் வழியே கிடையாது. பெரும்பாலும் மேலிமைக்கு அடியில் மடங்கிக் கிடக்கும். லென்ஸோடு பயன்படுத்தத்தக்க ஈரமூட்டும் சொட்டு மருந்தை விட்டு, கீழே பார்த்தபடி மேலிமையின் மீது மெல்ல வருடுங்கள். லென்ஸ் ஏற்கெனவே தரையில் விழுந்திருக்கவும் கூடும் என்பதால், நகத்தால் தோண்டிக் கருவிழியைக் கீறிக்கொள்ளாதீர்கள். ஒரு மணி நேரத்தில் கிடைக்காவிட்டால் மருத்துவர் இமையைத் திருப்பிப் பார்த்துச் சொல்லிவிடுவார்.