இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கறுப்பினப் பெண்களுக்கு ‘உள்நாட்டு முனை’ எப்படி இருந்தது?

சண்டை நடக்கும் இடம் போர்முனை. அதற்கு விமானமும் குண்டும் செய்து அனுப்பும் ஊர்களும் ஆலைகளும்தான் உள்நாட்டு முனை.

1940-இல் வேலைக்குப் போன கறுப்பினப் பெண்களில் சுமார் 60 சதவீதம் பேர் பிறர் வீடுகளில் சமைத்தும் துவைத்தும் பிழைத்தார்கள். ஆலைக் கதவு தானாகத் திறக்கவில்லை. வாஷிங்டனுக்குப் பேரணி வருவோம் என்று தொழிற்சங்கத் தலைவர் ஏ. பிலிப் ராண்டால்ஃப் எச்சரித்த பிறகே, 1941 ஜூனில் அதிபர் ரூஸ்வெல்ட் பாதுகாப்புத் தொழில்களில் இனப்பாகுபாட்டைத் தடைசெய்தார். ஆண்கள் போருக்குப் போய் ஆள் தட்டுப்பாடு முற்றியதும் இவர்களையும் சேர்த்தார்கள்.

மரியாதை மட்டும் கூடவே வரவில்லை. 1943-இல் பால்டிமோரின் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் ஆலையில், கறுப்பினத்தவரோடு ஒரே கழிப்பறையா என்று வெள்ளையர்கள் வேலைநிறுத்தமே செய்தார்கள்; ராணுவம் ஆலையைத் தன் பொறுப்பில் எடுத்தது. நாடு போரில் இருக்கும்போது நடந்தது இது! கல்யாண வீட்டில் ஆள் போதாமல் பரிமாறக் கூப்பிட்டுவிட்டு, ‘உனக்கு இலை கொல்லைப்புறத்தில்’ என்பதைப் போன்ற அவமானம்.

போர்தான் பெண்களை முதன்முதலாக வேலைக்கு அனுப்பியது என்று பலர் நினைக்கிறார்கள். கறுப்பினப் பெண்கள் அடிமைக் காலத்திலிருந்தே உழைத்தவர்கள், போர் மாற்றியது அவர்கள் வேலை செய்த இடத்தையும் வாங்கிய கூலியையும்தான்.