50 இலட்சத்தை அறக்கட்டளையில் போடலாமா? ஒரு குடும்ப வைத்தியரின் கேள்வி

கேள்வி: நான் கொட்டாஞ்சேனையில் நீண்டகாலமாகத் தனியாக டிஸ்பென்சரி நடத்திவரும் குடும்ப வைத்தியர். வயது 54. அரச சேவையை இளவயதிலேயே விட்டு விலகியதால் எனக்கு ஓய்வூதியம் கிடையாது. மருந்துக் கொள்வனவும், வாடகை மற்றும் பணியாளர் இருவரின் சம்பளமாகப் போகும் 1 இலட்சத்து 70 ஆயிரமும் கழிய, மாதம் சராசரியாக 6 இலட்சம் ரூபா மிஞ்சுகிறது. வீட்டுச் செலவு 2 இலட்சத்து 60 ஆயிரம். நாளொன்றுக்கு வரும் 45 நோயாளர்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினரிடம் நான் பணம் வாங்குவதில்லை. அவர்களுக்கு வெளியில் வாங்க வேண்டிய மருந்து இருந்தால் மருந்துத் துண்டின் மூலையில் ஒரு குறி போட்டு அனுப்புவேன். பக்கத்துப் பார்மசிக்காரர் அதை என் கணக்கில் எழுதிக்கொள்வார். மாத முடிவில் அது 60 ஆயிரத்துக்கு வந்து நிற்கும். ஹற்றன் பகுதியில் உயர்தரம் படிக்கும் 12 பிள்ளைகளுக்கு ஆளுக்கு மாதம் 7,500 ரூபா அனுப்புகிறேன். மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மலையகத்தில் நடத்தும் வைத்திய முகாமுக்கு 40 ஆயிரம் செலவாகிறது. சேமிப்பு 65 இலட்சம். அதில் பெரும்பகுதி ஒரே நிதிக் கம்பனியில் நிலையான வைப்பாக இருக்கிறது. மகன் அடுத்த ஆண்டு உயர்தரம் எழுதுகிறான். 50 இலட்சத்தை வைத்து என் தகப்பனாரின் பெயரில் ஓர் அறக்கட்டளை தொடங்கினால் அதன் வட்டியிலேயே அந்தப் பிள்ளைகளைப் படிப்பிக்கலாம், வரியும் குறையும் என்று பழைய மாணவ நண்பர்கள் சொல்கிறார்கள். "தனக்கு மிஞ்சித்தான் தானம்" என்கிறார் மனைவி. வரித் தவணை வரும்போதெல்லாம், கணக்கில் இருப்பதற்கு மேல் வங்கியிடம் கடனாக எடுக்கும் மேலதிகப் பற்றில் போய் விழுகிறேன். நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: வைத்தியர் அவர்களுக்கு வணக்கம். 50 இலட்சத்தை இப்போது அறக்கட்டளையில் போட வேண்டாம். நீங்கள் அளவுக்கு மீறி உதவுகிறீர்கள் என்பதற்காக இதைச் சொல்லவில்லை; உங்கள் உதவியை நம்பிப் படிக்கும் 12 பிள்ளைகளை நினைத்துத்தான் சொல்கிறேன். இன்றைய நிலையில் அவர்களுடைய படிப்பு முழுவதும் உங்கள் ஒருவருடைய உடல் நலத்தில் தங்கியிருக்கிறது. நீங்கள் மூன்று மாதம் படுக்கையில் விழுந்தால் டிஸ்பென்சரிக் கதவு மூடப்படும். ஆனால் வாடகையும் சம்பளமும் வீட்டுச் செலவும் நிற்கமாட்டா. அந்த வேளையில் உங்கள் குடும்பத்துக்கும் ஹற்றனில் உள்ள பிள்ளைகளுக்கும் கைகொடுக்கக்கூடிய ஒரே பணம் அந்த 65 இலட்சம்தான்.

முதலில் மேலதிகப் பற்றுக்கான காரணத்தைப் பார்ப்போம், ஏனென்றால் மற்றச் சிக்கல்கள் எல்லாம் அங்கிருந்துதான் தொடங்குகின்றன. மாதம் மிஞ்சும் 6 இலட்சத்தையும் நீங்கள் உங்கள் பணமாகக் கருதிச் செலவிடுகிறீர்கள். ஆண்டுக்கு 72 இலட்சம் வருமானத்தில், 2025 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள 18 இலட்சம் ரூபா தனிநபர் விடுதொகையைக் கழித்தால், வரிக்கு உட்படும் தொகை 54 இலட்சம். அதில் முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம், அடுத்தடுத்த மூன்று 5 இலட்சங்களுக்கு முறையே 18, 24, 30 வீதம், எஞ்சிய 29 இலட்சத்துக்கு 36 வீதம் என்று கணக்கிட்டால், வைப்பு வட்டியைச் சேர்க்காமலே ஆண்டு வரி 14 இலட்சத்து 64 ஆயிரம் ரூபாவாகிறது. அதாவது மாதம் 1 இலட்சத்து 22 ஆயிரம். உண்மையில் உங்கள் கையில் நிற்பது 4 இலட்சத்து 78 ஆயிரம்தான்; வீட்டுக்கும் தர்மத்துக்குமாக 4 இலட்சத்து 50 ஆயிரத்தைச் செலவிட்டால் ஓய்வுக்காலத்துக்கென மிஞ்சுவது 28 ஆயிரம் ரூபா. ஓகஸ்ட், நவம்பர், பெப்ரவரி, மே ஆகிய மாதங்களின் 15 ஆம் திகதிகளில் ஏறத்தாழ 3 இலட்சத்து 66 ஆயிரம் கட்ட வேண்டிவரும்போது நீங்கள் வங்கியிடம் கடன்படுகிறீர்கள் என்றால், அந்த மாதங்களில் நீங்கள் செய்த தர்மத்தின் ஒரு பகுதியைக் கடன் வாங்கிச் செய்திருக்கிறீர்கள் என்றுதான் பொருள். வரிக்கென்று தனியாக ஒரு சேமிப்புக் கணக்கைத் திறந்து, ஒவ்வொரு வாரமும் 30 ஆயிரத்தை அதில் போட்டுவிடுங்கள். இதை அடுத்த திங்கட்கிழமையே தொடங்கலாம்.

இனி அறக்கட்டளைக்கு வருவோம். உங்கள் நண்பர்கள் நல்லெண்ணத்தோடுதான் சொல்கிறார்கள், ஆனால் அவர்கள் மனத்தில் இருப்பது 2023 இன் வட்டி. அந்த ஆண்டின் தொடக்கத்தில் 22 வீதத்துக்கு வைப்புச் செய்ய முடிந்தது. 50 இலட்சத்துக்கு 11 இலட்சம் கிடைத்திருக்கும், 12 பிள்ளைகளுக்கு ஆண்டுக்குத் தேவையான 10 இலட்சத்து 80 ஆயிரமும் அதற்குள் அடங்கியிருக்கும். அதன்பின், அரசாங்கம் குறுகியகாலக் கடனுக்கு விற்கும் திறைசேரி உண்டியலின் வட்டியே ஒற்றை இலக்கத்துக்கு இறங்கிவிட்டது. 8 வீதம் என்று வைத்துக்கொண்டால் வட்டி 4 இலட்சம்; அந்த வைப்பு உங்கள் பெயரில் இருந்தால் 36 வீத வரி போக மிஞ்சும் 2 இலட்சத்து 56 ஆயிரத்தில் மூன்று பிள்ளைகளைக்கூட முழுமையாகத் தாங்க முடியாது. அத்தோடு 2022 ஐ நாம் எவரும் மறக்கவில்லை: அந்த ஆண்டு செப்டெம்பரில் கொழும்பில் பணவீக்கம் 70 வீதத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது. ரூபாவில் முடக்கிய ஒரு நிதியின் வட்டியை மட்டும் நம்பி நீண்டகால வாக்குறுதி எதையும் கொடுக்கக் கூடாது என்பதற்கு அந்த ஒரு வருடமே போதுமான சாட்சி.

வரி குறையும் என்பதும் நீங்கள் எதிர்பார்க்கும் அளவில் நடக்காது. அங்கீகரிக்கப்பட்ட அறநிறுவனம் ஒன்றுக்குத் தனிநபர் ஒருவர் கொடுக்கும் நன்கொடையில், வரிக்குட்படும் வருமானத்தின் மூன்றிலொரு பங்கு அல்லது 75,000 ரூபா, இவற்றில் எது குறைவோ அதை மட்டுமே கழிக்கலாம். உங்கள் வரி வீதத்தில் அது மிச்சப்படுத்துவது ஆண்டுக்கு 27,000 ரூபா. அந்த அங்கீகாரமும் நோயாளர்களையோ ஆதரவற்றோரையோ நிறுவனமாக வைத்துப் பராமரிக்கும் அமைப்புகளுக்கு உரியது. 1917 ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நொத்தாரிசு ஒருவரைக் கொண்டு உறுதி எழுதினாலும், 2007 ஆம் ஆண்டின் கம்பனிகள் சட்டத்தின் கீழ் பங்குகள் இல்லாத உத்தரவாதக் கம்பனியாகப் பதிந்தாலும், புலமைப்பரிசில் கொடுக்கும் ஒரு நிதியத்துக்கு அது தானாக வந்துவிடாது. அரசாங்கத்துக்கு நேரடியாகக் கொடுக்கும் நன்கொடைக்கு அந்த 75,000 ரூபா வரம்பு இல்லை. அரச வைத்தியசாலை ஒன்றுக்கு உபகரணம் வாங்கிக் கொடுக்கும் எண்ணம் என்றாவது வந்தால், முறையான ஏற்புக் கடிதத்தோடு அதைச் செய்யுங்கள்.

உங்கள் கடிதத்தில் என் மனத்தைத் தொட்டது துண்டின் மூலையில் போடும் அந்தக் குறி. வரிசையில் நிற்கும் மற்றவர்களுக்குத் தெரியாமல் ஒருவருடைய மானத்தையும் காத்து மருந்தையும் கொடுக்கும் வழி அது. கணக்குப் பார்த்தாலும் நீங்கள் செய்யும் உதவிகளில் மிகச் சிக்கனமானது டிஸ்பென்சரிக்குள் நடப்பதுதான். 36 வீத வரி கட்டும் நீங்கள் ஒரு இலட்சம் ரூபாவைக் காசாகக் கொடுக்க வேண்டுமானால், முதலில் 1 இலட்சத்து 56 ஆயிரத்தைச் சம்பாதிக்க வேண்டும். இலவசமாகப் பார்த்த நோயாளியிடம் வாங்காத கட்டணமோ உங்கள் வருமானத்திலேயே சேர்வதில்லை. ஆகவே அதற்கு வரியும் இல்லை, அதை நன்கொடையாகக் காட்டவும் முடியாது. அங்கே நீங்கள் கொடுப்பது உங்கள் அறிவும் நேரமும், இவை இரண்டும் வேறு எவராலும் காசோலை எழுதிக் கொடுக்க முடியாதவை. அந்த நான்கில் ஒரு பங்கை ஒருபோதும் குறைக்காதீர்கள்.

பார்மசிக் கணக்குக்கு மட்டும் ஓர் எல்லை வேண்டும். மாதம் 60 ஆயிரம் என்று முன்கூட்டியே பார்மசிக்காரரிடம் சொல்லி, 50 ஆயிரத்தைத் தாண்டும்போது உங்களுக்கு அறிவிக்கும்படி கேளுங்கள். நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் காலம் முழுவதும் மருந்து எடுப்பவர்களை அரச வைத்தியசாலைக் கிளினிக்கில் பதியச் செய்து, அங்கே கிடைக்காமல் வெளியில் வாங்கும்படி எழுதப்படும் மருந்துகளுக்கு உங்கள் பணத்தை வைத்துக்கொண்டால், அதே தொகை இன்னும் பலரைச் சென்றடையும். இயன்றதை அரச மருந்துக்கடையான ஒசுசலவில் வாங்கினால் விலையும் குறையும். நோயாளியின் பெயரை விட்டுவிட்டுத் திகதி, மருந்து, தொகை மூன்றையும் குறித்து, பற்றுச்சீட்டுகளையும் சேர்த்து வையுங்கள். அவற்றில் எதைத் தொழிற் செலவாகக் காட்டலாம் என்பதை உங்கள் கணக்காளர் பார்த்துச் சொல்லட்டும்.

65 இலட்சத்தை இப்படிப் பிரிக்கலாம். வீட்டுச் செலவும் டிஸ்பென்சரியின் வாடகை, சம்பளமும் சேர்ந்து மாதம் 4 இலட்சத்து 30 ஆயிரம். ஆறு மாதத்துக்கு 25 இலட்சத்து 80 ஆயிரத்தை அவசர நிதியாக ஒதுக்கி, வேண்டியபோது எடுக்கக்கூடிய குறுகியகால வைப்பிலும் திறைசேரி உண்டியலிலும் வையுங்கள். அடுத்தது அந்தப் பிள்ளைகள். அவர்களில் பாதிப் பேருக்கு ஓராண்டும் மற்றப் பாதிக்கு ஈராண்டும் மிச்சமிருப்பதாகக் கொண்டால், படித்து முடிக்கத் தேவையானது 16 இலட்சத்து 20 ஆயிரம். அதை இன்றே தனி வைப்பாக்கிவிட்டால், உங்களுக்கு என்ன நேர்ந்தாலும் அவர்களில் ஒருவரும் பாதியில் நிற்கமாட்டார். எஞ்சிய 23 இலட்சம் மகனின் படிப்புக்கும் உங்கள் ஓய்வுக்காலத்துக்கும் உரியது, அதைத் தொடாதீர்கள். ஒரே நிதிக் கம்பனியில் பெருந்தொகையை வைத்திருப்பதையும் மாற்றுங்கள். வைப்புக் காப்புறுதி ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் 11 இலட்சம் ரூபா வரைதான். ஆகவே வைப்புகள் முதிரும் திகதிகளில் அனுமதிப்பத்திரம் பெற்ற பல வங்கிகளுக்குப் பிரித்துப் போடுங்கள்.

இந்தப் பிரிப்பின் பின் மாத வருமானத்திலிருந்து பிள்ளைகளுக்கு அனுப்பும் 90 ஆயிரம் விடுபடுகிறது. வரியும் வீட்டுச் செலவும் பார்மசியும் முகாமும் போக 1 இலட்சத்து 18 ஆயிரம் மிஞ்சும். அதில் 80 ஆயிரத்தை ஓய்வுக்காலத்துக்கென்று ஒதுக்குங்கள். 65 வயது வரை அப்படிச் சேர்த்தால் வட்டியைக் கணக்கில் எடுக்காமலே 1 கோடியே 5 இலட்சத்தைத் தாண்டும். மீதி 38 ஆயிரத்தைப் புதிய பிள்ளைகளுக்கான கணக்கில் போடுங்கள். ஈராண்டுப் படிப்புக்கு ஒரு பிள்ளைக்கு 1 இலட்சத்து 80 ஆயிரம் வேண்டும். அந்தத் தொகை முழுவதும் கணக்கில் சேர்ந்த பிறகே அடுத்த பிள்ளையை ஏற்க வேண்டும் என்பதை நான் கடுமையாகவே வற்புறுத்துவேன், ஏனென்றால் பாதி வழியில் நின்றுபோகும் உதவி அந்த வயதுப் பிள்ளையின் தன்னம்பிக்கையை முறித்துவிடும்.

அப்படியானால் ஆண்டுக்கு இரண்டு பிள்ளைகள்தானா என்று உங்கள் மனம் கலங்கும். அதற்கு வழி உங்கள் கட்டணத்தில் இருக்கிறது. பணம் கொடுத்துப் பார்க்கும் 34 பேரிடம் 100 ரூபா கூடுதலாக வாங்கினால், மாதம் 25 வேலை நாளில் 85 ஆயிரம். வரி போக 54 ஆயிரத்து 400. முன்னர் சொன்ன 38 ஆயிரத்தோடு சேரும்போது ஆண்டுக்கு 11 இலட்சத்தைத் தாண்டும். அதாவது ஒவ்வோர் ஆண்டும் புதிதாக 6 பிள்ளைகள், எந்த நேரத்திலும் 12 பேர் உங்கள் உதவியோடு படித்துக்கொண்டிருப்பார்கள், அதுவும் முற்பணம் கையில் இருக்கும் நிலையில். கட்டணத்தைக் கூட்டினால் காசாசை பிடித்தவர் என்று சொல்லிவிடுவார்களோ என்ற தயக்கம் உங்களைப் போன்றவர்களுக்கு எப்போதும் இருக்கும். ஆனால் கொடுக்க இயன்றவரிடம் நியாயமான கட்டணம் வாங்காமல் விடுவதன் செலவை இப்போது சுமப்பவர்கள் உங்கள் மனைவியும் மகனும்தான். கூட்டிய கட்டணத்தை முன்மேசையில் எழுதி வையுங்கள். குறி போட்ட துண்டுக்காரருக்கு எதுவும் மாறாது. வாடகையும் மருந்து விலையும் ஏறி அந்த 100 ரூபாவில் ஒரு பங்கைத் தின்றுவிடக்கூடும் என்பதால் முதலாண்டு மூன்று பிள்ளைகளோடு தொடங்கி, கணக்கைப் பார்த்துவிட்டுக் கூட்டுங்கள்.

மலையக முகாமை இரு மாதத்துக்கு ஒன்றாக்குவது பற்றி யோசியுங்கள். ஆறு நாள் வேலைக்குப் பின் ஏழாம் நாள் மலையேறும் உடல்தான் இந்தக் கணக்கு முழுவதையும் தாங்குகிறது. கடும் நோய்க்கும் தொழில் செய்ய இயலாமற்போவதற்குமான காப்புறுதியையும் தொழில்சார் பொறுப்புக் காப்புறுதியையும் இந்த ஆண்டே எடுத்துவிடுங்கள்; வயது ஏற ஏறக் கட்டுப்பணமும் ஏறும், விதிவிலக்குகளும் கூடும்.

பழைய மாணவ நண்பர்களிடம், உங்கள் 50 இலட்சத்தை எதிர்பார்க்காமல் ஆளுக்கு ஒரு பிள்ளையின் 1 இலட்சத்து 80 ஆயிரத்தை ஏற்கும்படி சொல்லுங்கள். அந்தப் பணம் ஒருபோதும் உங்கள் சொந்தக் கணக்குக்குள் வரக் கூடாது. இருவர் கையொப்பமிடும் தனிக் கணக்கில், ஆண்டுக்கு ஒருமுறை அனைவருக்கும் அனுப்பும் வரவு செலவு அறிக்கையோடு அது நடக்கட்டும். மூன்று ஆண்டுகள் அவர்களும் தொடர்ந்து கொடுத்து அந்தக் கணக்கு ஒழுங்காக நடந்தால், உங்கள் தகப்பனாரின் பெயரில் உறுதி எழுதுவதற்கு அப்போது நானே துணைநிற்பேன். அதுவரை, பிள்ளைகளுக்கென்று ஒதுக்கிய வைப்புக்கு உங்கள் மனைவியின் பெயரை, உங்களுக்குப் பின் பணத்தைப் பெறும் பின்னுரித்தாளியாகப் பதிந்து, எந்தப் பிள்ளைக்கு எந்த மாதம் வரை எவ்வளவு என்பதை ஒரு தாளில் எழுதி வங்கிப் புத்தகத்தோடு அவரிடம் கொடுத்து வையுங்கள்.