பண்ணைப் பங்கு எடுத்தேன், மழையில் காய் போச்சு. காசு திரும்ப வருமா?

கேள்வி: மேடவாக்கத்தில் இருக்கிறேன். செங்கல்பட்டு பக்கம் ஒரு இயற்கை விவசாயப் பண்ணையில் ஆவணியில் 6 மாதப் பங்கு எடுத்தேன். வாரம் ஒரு கூடை, 400 ரூபாய் கணக்கில் 24 வாரத்துக்கு 9,600 ரூபாய் முன்பணம் கட்டியாயிற்று. முதல் இரண்டு மாதம் வெண்டை, கத்தரி, புடலை, மூன்று விதக் கீரை என்று கூடை நிறைய வந்தது. ஐப்பசி மழைக்குப் பிறகு சுரைக்காயும் முருங்கைக்கீரையும்தான். இரண்டு வாரம் கூடையே வரவில்லை. விவசாயியைக் கேட்டால், “நஷ்டத்துலயும் பங்குன்னு அன்னைக்கே சொன்னேனேம்மா” என்கிறார். ஏமாந்துவிட்டேனா? மீதிப் பணத்தைத் திரும்பக் கேட்கலாமா?

பதில்: நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் இது ஏமாற்று வேலையாகத் தெரியவில்லை. ஆனால் நீங்கள் அவரிடம் கேட்க வேண்டியது நிறைய இருக்கிறது.

கடையில் கொடுக்கும் காசுக்குக் காய் வாங்குகிறோம். பண்ணைப் பங்கில் ஒரு பருவத்து விளைச்சலில் ஒரு பாகத்தை வாங்குகிறோம். விதை வாங்கவும் கூலி கொடுக்கவும் விவசாயி வட்டிக்குக் கடன் வாங்காமல் இருக்கத்தான் முன்பணம். ஜப்பானில் 1970களில், பூச்சிமருந்துக்குப் பயந்த தாய்மார்கள் விவசாயிகளோடு நேரே பேசி இப்படி ஏற்பாடு செய்துகொண்டார்கள். ‘தெய்கெய்’ என்று அதற்குப் பெயர். அமெரிக்காவில் 1986-இல் மாசசூசெட்ஸிலும் நியூ ஹாம்ப்ஷயரிலும் இரண்டு பண்ணைகள் இதே முறையில் தொடங்கின. விளைந்தால் எல்லோருக்கும், போனாலும் எல்லோருக்கும் என்பதுதான் பேச்சு.

அக்டோபர் முதல் டிசம்பர் வரை நம் கடலோர மாவட்டங்களில் வடகிழக்குப் பருவமழை அடிக்கும் என்பது எந்த விவசாயிக்கும் தெரிந்ததே. தண்ணீர் தேங்கினால் காய்கறிச் செடி தாங்காது. நான் பங்கு எடுத்திருந்த பண்ணையில் ஒரு கார்த்திகை மாதம் கண்ணால் பார்த்தேன். அடைமழை விட்டு வெயில் வந்த அன்று, காயோடு நின்ற கத்தரிச் செடியெல்லாம் தலை தொங்கிவிட்டது. ஒன்றைப் பிடித்து இழுத்தேன், கையோடு வந்துவிட்டது. வேர் பழுப்பேறி வழவழவென்று இருந்தது. அந்த வாரக் கூடையில் ஒரு வாழைத்தண்டும் ஒரு கட்டு முருங்கைக்கீரையும்தான். வயலைப் பார்த்துவிட்டு வந்ததால் எனக்குக் கோபமே வரவில்லை.

நீங்களும் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்ப் பாருங்கள். மழை விட்டதும் மேட்டுப்பாத்தி போட்டிருக்கிறாரா? நாற்றங்காலில் கன்று நிற்கிறதா? சிறுகீரை 25 நாளில் பறிப்புக்கு வரும், முள்ளங்கிக்கு 45 நாள். விதைத்திருந்தால் உங்கள் கூடை எப்போது நிறையும் என்று நீங்களே கணக்குப் போட்டுவிடலாம். அப்படியிருந்தால் பணத்தைக் கேட்காதீர்கள். வராமல் போன இரண்டு கூடையைக் கடைசியில் சேர்த்துக் கொடுக்கச் சொல்லுங்கள். நல்ல விவசாயி அதற்கு மறுக்க மாட்டார்.

நிலம் சும்மா கிடந்தால் கதை வேறு. உங்களுக்குக் கூடை இல்லை என்ற வாரத்தில் காயைக் கடைக்கு நல்ல விலைக்கு ஏற்றி அனுப்பியிருந்தாலும் வேறுதான். மழைக்காலத்தில் காய் விலை ஏறும்போது இந்தச் சபலம் வரும். நஷ்டத்தில் பங்கு கேட்கிறவர் கணக்கையும் காட்ட வேண்டும்: எத்தனை பங்குதாரர், என்ன விதைத்தார், என்ன பறித்தார், யாருக்குப் போனது. ஒரு நோட்டுப் புத்தகம் போதும். இதைக் கேட்பது சந்தேகப்படுவது ஆகாது. பங்கு என்று சொல்லிவிட்டால் அது உங்கள் உரிமை.

நீங்கள் கையெழுத்துப் போட்ட தாளையும் எடுத்துப் படியுங்கள். ‘வாரம் இத்தனை கிலோ’ என்று உறுதி சொல்லியிருந்தால் மழையைக் காட்டி முழுக்க நழுவ முடியாது. பேசிப் பார்த்தும் வழிக்கு வரவில்லையென்றால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ஆம் ஆண்டுச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே, 2 வருடத்துக்குள் மனு போடலாம். கொடுத்த பணம் 5 லட்சத்துக்கு மேல் போகாதவரை கட்டணம் கிடையாது. பணம் அனுப்பிய ரசீதையும் வாட்ஸ்அப் பேச்சையும் அழித்துவிடாதீர்கள்.

கேள்வி: பங்கு எடுக்க நினைக்கும் பண்ணையில் ஆர்கானிக் சான்றிதழ் இல்லை என்கிறார்கள். நம்பலாமா?

பதில்: சான்றிதழ் இல்லை என்பதாலேயே ஒதுக்க வேண்டாம். 2017-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு விதிகளில், வருடத்துக்கு 12 லட்சம் ரூபாய்க்குள் வியாபாரம் செய்து, சாப்பிடுகிறவருக்கே நேரடியாக விற்கும் சிறு விவசாயிக்குச் சான்றிதழிலிருந்து விலக்கு உண்டு. ஆனால் அவர், சான்றிதழ் பெற்ற இயற்கை விளைபொருளுக்கான ‘ஜைவிக் பாரத்’ முத்திரையைப் போட்டுக்கொள்ளக் கூடாது. போட்டிருந்தால் சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். பக்கத்து விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து ஒருவர் நிலத்தை ஒருவர் சோதித்துக்கொள்ளும் பி.ஜி.எஸ். முறையும் இருக்கிறது; அதில் இருக்கிறாரா என்றும் கேளுங்கள். எனக்கு இதையெல்லாம் விட, சொல்லாமல் கொள்ளாமல் போனாலும் வயலுக்குள் விடுகிறாரா என்பது முக்கியம். கத்தரியில் சொத்தையே இல்லாமல் பளபளவென்று இருந்தால் என்ன தெளிக்கிறார் என்று விசாரியுங்கள்.

கேள்வி: எங்கள் பண்ணை திருவள்ளூர் பக்கம். சித்திரையில்கூட கூடையில் கேரட், பீட்ரூட், முட்டைகோஸ் வருகிறது. அங்கேயே விளையுமா?

பதில்: அந்த வெயிலில் அந்தச் சமவெளியில் விளையாது. ஊட்டி, கொடைக்கானல் பக்கத்துக் காய், அநேகமாகக் கோயம்பேடு வழியாக வந்திருக்கும். கூடை நிறைய வேண்டும் என்று வெளியே வாங்கிப் போடுவது குற்றமில்லை, பல வீடுகளில் குழந்தைகள் கேரட் கேட்பார்கள். சொல்லாமல் போடுவதுதான் தப்பு. நீங்கள் கொடுத்தது அந்த நிலத்துக்கான பணம். எது வயலில் பறித்தது, எது வாங்கியது என்று ஒவ்வொரு வாரமும் ஒரு துண்டுச் சீட்டு எழுதிக் கூடையில் போடச் சொல்லுங்கள். சித்திரைக்கு வெள்ளரியும் கொத்தவரையும் தண்டுக்கீரையும் வந்தால், அது அந்த மண்ணின் காய் என்று நம்பி வாங்கலாம்.